ஸ்டார் சான் சானிடைசர்: ரெண்டு வருஷமா கலக்கி மூடி வச்சு திரும்பத் திரும்ப யூஸ் பண்ணதுல தெரிஞ்சது

வீட்டுல பியர், சைடர்னு போட ஆரம்பிச்ச புதுசுல ஒவ்வொரு தடவையும் பக்கெட் நிறைய ஸ்டார் சான் கலக்குவேன், ஃபெர்மென்ட்டர் (புளிக்க வைக்கிற பாத்திரம்), ஏர்லாக் (கேஸ மட்டும் வெளிய விடுற மூடி), டியூப், மூடி எல்லாத்தையும் முக்கி எடுப்பேன், வேலை முடிஞ்சதும் அந்த 19 லிட்டரையும் அப்படியே சிங்க்ல கவுத்துடுவேன். ஊத்தும்போது பாத்தா கலக்கும்போது எப்படி தெளிவா நுரையோட இருந்துச்சோ அப்படியேதான் இருக்கும், மனசே கேக்காது. ஆனா பழச திரும்ப யூஸ் பண்ணி ஒரு பேட்ச் கெட்டுப்போச்சுன்னா வாரக்கணக்குல காத்திருந்தது எல்லாம் வீணாப்போயிடுமேன்னு பயம். அப்புறம் பிஹெச் ஸ்ட்ரிப் (ஆசிட் எவ்வளவு இருக்குன்னு கலர்ல காட்டுற காகிதம், நம்பர் குறைஞ்சா ஆசிட் ஜாஸ்தி) வாங்கி வச்சு, தேதி எழுதி ஒட்டி, ரெண்டு வருஷமா ஒரே கலவைய வாரக்கணக்குல வச்சிருந்து யூஸ் பண்ணி பாத்துட்டேன். அத வச்சுதான் இந்த ரிவ்யூ.

மொதல்ல இது என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். இது ஆசிட் வகை சானிடைசர், ஃபைவ் ஸ்டார் கெமிக்கல்ஸ் பண்றது. உள்ள இருக்கிறது பாதி பாஸ்போரிக் ஆசிட், கூடவே 15 சதவீதம் டோடெசில்பென்சீன் சல்ஃபோனிக் ஆசிட்னு நுரை வர வைக்கிற ஒரு சரக்கு. இந்த ரெண்டும் சேந்தாதான் வேலை நடக்கும். ஆசிட் தண்ணியோட பிஹெச்ச நல்லா கீழ இறக்குது, அந்த நிலையில நுரை சரக்கு போய் கிருமியோட மேல்தோல்ல ஒட்டி அத உடைக்குது. ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணு மட்டும் இருந்து பிரயோஜனம் இல்ல. இத மனசுல வச்சுக்கிட்டா எவ்வளவு நாள் வைக்கலாம், எப்ப கொட்டணும்னு வர்ற கேள்விக்கெல்லாம் பதில் தானா வந்துடும்.

அளவு 19 லிட்டர் தண்ணிக்கு 30 மில்லி. லிட்டருக்கு கணக்கு போட்டா 1.6 மில்லி கிட்ட வரும். பாட்டில்லயே மேல ஒரு சின்ன அறை இருக்கும், பாட்டில அமுக்குனா அதுல ஏறி கோடு வரைக்கும் நிக்கும், பெரிய அளவு கலக்க அது ரொம்ப வசதி. ஆனா நான் இப்ப ஒரு தடவைக்கு 5 லிட்டர்தான் கலக்கறேன், அதுக்கு 8 மில்லி, ஊசி இல்லாத சிரிஞ்ச்ல உறிஞ்சி எடுத்துடுவேன், கண்ணளவுல ஊத்துற வேலையே வேணாம். கூட ஊத்துனா இன்னும் நல்லா கொல்லும்னு நினைக்காதீங்க, அளவு தாண்டுனா அப்புறம் அது கழுவாம விடுற சானிடைசர் இல்ல, கழுவியே ஆகணும். தண்ணிய மொதல்ல புடிச்சுட்டு அப்புறம் ஆசிட்ட விடுங்க, மாத்தி பண்ணா நுரை பக்கெட்ட தாண்டி வெளிய வந்துடும். கான்சன்ட்ரேட் கையில பட்டா எரியும், கண்ணுல பட்டா இன்னும் ஆபத்து, அதனால கிளவுசும் கண்ணாடியும் போட்டுட்டுதான் பாட்டில தொறக்கணும். இதுல சோம்பல் படவே கூடாது.

இப்ப மெயின் மேட்டருக்கு வரேன், எத்தன நாள் வைக்கலாம்? என் அனுபவத்துல இதுக்கு பதில் காலண்டர்ல இல்ல, கலக்குற தண்ணியில இருக்கு. ஒரே நாள்ல ரெண்டு டப்பா கலந்தேன், ஒண்ணு குழாத்தண்ணி, நல்ல உப்புத்தண்ணி, இன்னொண்ணு டிஸ்டில்டு வாட்டர். ரெண்டுக்கும் ஒரே அளவு, ஒரே மாதிரி டப்பா, ஒரே அலமாரி. குழாத்தண்ணி டப்பா அன்னிக்கு சாயங்காலமே பால்ல தண்ணி கலந்த மாதிரி மங்கலாயிடுச்சு, மறுநாள் அந்தப் பக்கம் கைய வச்சா இந்தப் பக்கம் விரல் தெரியல. டிஸ்டில்டு வாட்டர் டப்பா ஏழு வாரம் கழிச்சும் கண்ணாடி மாதிரி இருந்துச்சு, ஸ்ட்ரிப்ப முக்குனா முத நாள் வந்த அதே கலர். காரணம் ஒண்ணும் மர்மம் இல்ல, உப்புத்தண்ணியில இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் அந்த நுரை சரக்க புடிச்சுக்கிட்டு கரையாத பொடியா மாத்திடுது, நம்ம கண்ணுக்கு மங்கலா தெரியறது அந்தப் பொடிதான். தண்ணியில பைகார்பனேட் இருந்தா அது ஆசிட்டயும் கொஞ்சம் கொஞ்சமா தின்னுடும்.

அதனால நான் பாக்குறது ரெண்டே விஷயம். பிஹெச் 3-க்கு கீழ இருக்கணும், கலவை தெளிவா இருக்கணும். மங்கலா இருந்தாலும் பிஹெச் 3-க்கு கீழ இருந்தா போதும்னு சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க, சண்டைக்கு வர்ற அளவுக்கு உறுதியா சொல்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன், ஏன்னா ஸ்ட்ரிப் காட்டுறது ஆசிட்ட மட்டும்தான், நுரை சரக்கு எவ்வளவு மிச்சம் இருக்குன்னு அதுக்கு தெரியாது. கலந்த உடனே லேசா மங்குனா அன்னிக்கு வேலைக்கு எடுத்துக்குவேன், எடுத்து வைக்க மாட்டேன். ஸ்ட்ரிப் வாங்கும்போது 1-ல இருந்து 14 வரைக்கும் இருக்கிறத வாங்காதீங்க, அதுல 2-க்கும் 3-க்கும் கலர் வித்தியாசமே தெரியாது, கம்மி ரேஞ்சுக்குன்னு தனியா வர்றத வாங்குங்க. பிஹெச்சுல ஒரு நம்பர் ஏறுதுன்னா ஆசிட் பத்துல ஒரு பங்கா குறைஞ்சிடுச்சுன்னு அர்த்தம், சின்ன வித்தியாசம் மாதிரி தெரியும் ஆனா சின்னது இல்ல.

இன்னொரு விஷயம், கலவைய வீணாக்குறதுல முக்கால்வாசி நம்ம கைதான் காரணம். ஆல்கலைன் கிளீனர்ல ஊற வச்ச பொருள சரியா அலசாம அப்படியே தூக்கி ஸ்டார் சான்ல போட்டா அந்தக் காரம் ஆசிட்ட நேரா முறிச்சுடும். ரெண்டு மூணு தடவ இப்படி பண்ணா நல்ல டிஸ்டில்டு வாட்டர் கலவை கூட வாரம் தாங்காது. ஈஸ்ட் படிஞ்சது, பியர்ல கசப்புக்கு போடற ஹாப்ஸ் தூள் ஒட்டுனது எல்லாம் உள்ள போனாலும் அதே கதைதான். கழுவுறது வேற, சானிடைஸ் பண்றது வேற, அழுக்கு மேல இத ஊத்துனா அழுக்கோட மேல்பக்கம்தான் சுத்தமாகும், அடியில இருக்கிறது அப்படியே இருக்கும்.

இத நான் படிச்சு தெரிஞ்சுக்கல, பட்டுதான் தெரிஞ்சுக்கிட்டேன். தொடர்ந்து ரெண்டு பேட்ச் ஒரே மாதிரி புளிப்பு அடிச்சது. பழைய கலவைதான் காரணம்னு முடிவு பண்ணி கொட்டிட்டு புதுசா கலந்தேன், மூணாவதும் அதே புளிப்பு. ஸ்ட்ரிப் போட்டு பாத்தா கலவை மேல ஒரு குத்தமும் இல்ல. கடைசியா ஃபெர்மென்ட்டர்ல இருக்கிற பிளாஸ்டிக் டேப்ப (குழாய) கழட்டி, உள்ள சுத்துற அந்த உருளைய நகத்தால நெம்பி வெளிய இழுத்தேன். அதுக்கும் கூட்டுக்கும் நடுவுல பழுப்பு கலர்ல ஒரு வழவழ படலம், விரல்ல தொட்டா நூல் மாதிரி இழுபடுது, கிட்ட போனா புளிச்ச வாடை. வெளியில இருந்து பாத்தா பளிச்சுன்னு இருந்த டேப்பு அது. அத்தனை மாசமும் அந்த இடுக்குக்குள்ள ஒரு சொட்டு சானிடைசர் கூட போயிருக்காது. அன்னில இருந்து ஒவ்வொரு தடவையும் டேப்ப முழுசா பிரிச்சு கழுவுறேன், வாஷரையும் தனியா எடுத்துடுவேன், அதுக்கப்புறம் மூணு வாரம் ஆன கலவைய யூஸ் பண்ணியும் ஒரு பேட்ச் கூட கெடல. கலவை பழசுன்னு கொட்டறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு உங்க டேப்ப பிரிச்சு பாருங்க.

எதுல வைக்கறதுன்னா மூடி டைட்டா இருக்கிற கெட்டியான பிளாஸ்டிக் கேன், ஹெச்டிபிஈ வகை, இல்லன்னா கண்ணாடி ஜார். அலுமினியம், பித்தளை, துத்தநாகப் பூச்சு போட்ட எதுவும் வேணவே வேணாம், ஆசிட் அரிச்சுடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கெக்குல (பியர் அடைச்சு வைக்கிற பீப்பாய்) ஊத்தி அலசுறது தாராளமா பண்ணலாம், ஆனா வாரக்கணக்குல அதுலயே விட்டு வைக்க எனக்கு மனசு வரல. கெக் வச்சிருக்கவங்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கு, வழக்கமான கெக் 19 லிட்டர்தான், சரியா 30 மில்லி கணக்கு. ஒண்ணுல முழுக்க ரொப்பி, கார்பன் டை ஆக்சைடு பிரஷர்ல அடுத்த கெக்குக்கு தள்ளுனா அது சானிடைஸ் ஆயிடும், மொத கெக்குல இருந்த காத்தும் வெளிய போயிடும், கலவையும் கைபடாம அப்படியே இருக்கும்.

டியூப் மட்டும் உள்ள போட்டு மறந்துடாதீங்க. வினைல் டியூப் ஒண்ண சுருட்டி கேன்லயே போட்டு வச்சிருந்தேன், எப்பவும் ரெடியா இருக்கட்டும்னு. பத்து நாள் கழிச்சு எடுத்தா வெள்ளையா மங்கி, மேல பிசுபிசுன்னு ஒரு தோல். தூக்கி போடறத தவிர வேற வழியில்ல. முக்குங்க, ஒண்ணு ரெண்டு நிமிஷம் ஈரமா இருக்கட்டும், எடுத்துடுங்க, அவ்வளவுதான் அதுக்கு தேவை. கேன் மேல பேர், தேதி, என்ன தண்ணின்னு பெருசா எழுதி ஒட்டுங்க. தெளிவா இருக்கிறதால பாக்க சாதா தண்ணி மாதிரியே இருக்கும், வீட்டுல குழந்தைங்க இருந்தா பூட்டி வைக்கறதுதான் சரி. தரை மார்பிளா இருந்தா கேன தட்டு மேல வைங்க, சொட்டுன இடம் சொரசொரப்பா ஆயிடும், அப்புறம் என்ன தேச்சாலும் அந்த பளபளப்பு வராது.

நான் அதிகமா யூஸ் பண்றது கேன் கூட இல்ல, ஸ்ப்ரே பாட்டில்தான். டிஸ்டில்டு வாட்டர்ல கலந்து அரை லிட்டர் பாட்டில்ல ஊத்தி வச்சா மாசக்கணக்குல நிக்குது, அப்பப்ப ஸ்ட்ரிப்ல ஒரு அடி அடிச்சு பாத்துக்குவேன். ஈஸ்ட் பாக்கெட்ட வெட்டுறதுக்கு முன்னாடி கத்திரிக்கோல்ல ஒரு ஸ்ப்ரே, ஃபெர்மென்ட்டர் மூடியோட ஓரத்துல ஒரு சுத்து, ஹைட்ரோமீட்டருக்கு (சர்க்கரை எவ்வளவு மிச்சம்னு பாக்குற கருவி) சாம்பிள் எடுக்கறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் டேப் வாயில ரெண்டு ஸ்ப்ரே. இதுக்கெல்லாம் முன்னாடி ஒரு பக்கெட் கலக்குவேன். நுரை மிச்சம் இருக்கேன்னு பயப்பட வேணாம், கரெக்ட் அளவுல கலந்திருந்தா அந்த நுரை ஈரமா இருக்கிற வரைக்கும் அதுவும் சானிடைசர்தான், வோர்ட்ட (இன்னும் புளிக்காத மால்ட் சாறு) அதுக்கு மேலயே ஊத்தலாம், டேஸ்ட்ல எனக்கு ஒரு வித்தியாசமும் தெரிஞ்சதில்ல. அலசுறேன்னு குழாத்தண்ணி விட்டா சுத்தம் பண்ணதுல திரும்ப கிருமிய நாமளே விட்ட மாதிரி ஆயிடும்.

அயோடஃபரும் (அயோடின் வகை சானிடைசர்) கொஞ்ச நாள் வச்சிருந்தேன், நல்ல சரக்குதான், 12.5 பிபிஎம் (பத்து லட்சத்துல 12.5 பங்கு) அயோடின் போதும், நுரையும் கம்மி. ஆனா வச்சு யூஸ் பண்ண அது சரிப்படாது, அயோடின் காத்துல போயிடும், வெளிச்சம் பட்டாலும் போயிடும், கலர் வெளுத்துச்சுன்னா தீந்துச்சு. பிளாஸ்டிக்ல கறையும் விழும். ப்ளீச் கலவையும் சீக்கிரம் வலு இழக்கும், அலசியே ஆகணும், ஸ்டீல வேற அரிக்கும். ரெண்டும் வீட்டுல இருந்தா ஒண்ணு ஞாபகம் வைங்க, ஸ்டார் சானும் ப்ளீச்சும் ஒரே பாத்திரத்துல சேரவே கூடாது, ஆசிட் பட்டா ப்ளீச்ல இருந்து குளோரின் கேஸ் கிளம்பும், அது உயிருக்கே ஆபத்து. ப்ளீச் ஊத்துன சிங்க்ல பழைய ஸ்டார் சான கவுக்கறதும் இதுல சேத்திதான், நடுவுல நிறைய தண்ணி விடுங்க.

வாங்கலாமான்னு கேட்டா கண்டிப்பா வாங்குங்க. 473 மில்லி பாட்டில்னா கணக்குப்படி 300 லிட்டர் வரைக்கும் கலக்கலாம், எடுத்து வச்சு யூஸ் பண்ணா எனக்கு வருஷத்துக்கு பாதி பாட்டில் கூட ஆகல, முன்னாடி மாதிரி கொட்டிட்டு இருந்தப்ப 15 தடவை தாண்டி கொஞ்சத்துலயே பாட்டில் காலி. நுரையே புடிக்காது, பம்ப் வச்சு சுத்த விடுறேன்னு சொல்றவங்க அதே கம்பெனியோட சானிகிளீன் பாருங்க, நுரை கம்மி, ஆனா 3 நிமிஷம் விடணும். உங்க வீட்டுத் தண்ணி எப்படின்னு தெரியலன்னா வாங்குன அன்னிக்கே ஒரு டம்ளர் குழாத்தண்ணியில அதே லிட்டருக்கு 1.6 மில்லி கணக்குல விட்டு ஒரு ராத்திரி மூடி வைங்க. காலைல டம்ளருக்குப் பின்னாடி ஒரு பேப்பர புடிச்சு எழுத்து தெரியுதான்னு பாருங்க, தெரிஞ்சா குழாத்தண்ணியிலயே கலக்கலாம், தெரியலன்னா டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் சேத்து வாங்கிடுங்க.