குடைப் பொத்தான் வைத்த ஹர்டில்: நான்கு வருடம் கழித்து

போன வாரம் நண்பன் ஒருவன் போனில் கேட்டான்: "நீ வச்சிருக்கியே, அந்த மடக்குற ஹர்டில் செட், எப்படிடா இருக்கு? வாங்கலாமா?" ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் கேட்ட நேரம் சரியில்லை. நான் அப்போது தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதே செட்டில் ஒரு ஹர்டிலின் இடது காலுக்குள் குறடை விட்டு, துருப்பிடித்த தகடு ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோபத்தில் தொடங்கியதுதான் இது.

ஹர்டில் என்றால் பிள்ளைகள் ஓடிவந்து தாண்டும் சின்னத் தடை. செட்டைப் பற்றி அதற்கு மேல் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆறு ஹர்டில், மூன்று உயரம் (15, 22, 30 செ.மீ.), மடங்கும் பாதம், தோளில் மாட்டும் பை. எல்லா செட்டும் ஏறக்குறைய இப்படித்தான் வருகின்றன. வாரத்தில் நான்கு காலை, நான் பயிற்சி கொடுக்கும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், நான்கு வருடம். வெறும் வாசல் படியில் வைத்துப் படம் எடுத்துவிட்டு எழுதும் விமர்சனம் இல்லை இது.

முதலில் பொத்தான். அதைச் சொல்லாமல் மற்றது எதுவும் எனக்கு எழுத வராது.

குடையை விரித்ததும் கம்பியில் டக்கென்று வெளியே வந்து நிற்குமே ஒரு சின்ன முனை, ஏறக்குறைய அதேதான். ஹர்டிலின் கால் ஒரு குழாய். அதற்குள் இன்னொரு குழாய் ஏறி இறங்கும். உள்குழாயில் 'வி' வடிவத்தில் வளைத்த ஒரு தகடு, அதன் நுனியில் பொத்தான். வெளிக்குழாயில் மூன்று ஓட்டை. பொத்தான் எந்த ஓட்டையில் வந்து நிற்கிறதோ அதுதான் உயரம். பார்க்க அழகான ஏற்பாடு. வாங்கிய முதல் நாள் வீட்டில் உட்கார்ந்து முப்பது தடவையாவது டக் டக்கென்று அழுத்திப் பார்த்திருப்பேன்.

மைதானத்துக்குப் போன பிறகுதான் கணக்கு வேறு. ஒரு ஹர்டிலுக்கு இரண்டு கால், ஆறு ஹர்டிலுக்குப் பன்னிரண்டு பொத்தான். இரண்டு சுற்றுக்கு நடுவே பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஓய்வு ஒன்றரை நிமிடம். அதற்குள் பன்னிரண்டையும் அழுத்தி, இழுத்து, அடுத்த ஓட்டையில் உட்கார வைக்க வேண்டும். புதிதாக இருந்தவரை அது நடந்தது. மூன்றாவது மாதம் உள்ளே மண் புகுந்தது. ஈரத்தோடு பையில் போட்டு வைத்ததில் (தப்பு என்னுடையதுதான்) தகடு துருப்பிடித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் ஏதாவது ஒரு பொத்தான் வெளியே வர மறுக்கும், இல்லையென்றால் உள்ளே போக மறுக்கும்.

இதன் விளைவு என்ன தெரியுமா? ஒரு கால் 30-இல், இன்னொரு கால் 22-இல். குறுக்குப் பட்டை எட்டு செ.மீ. சரிந்து நிற்கும். அட, எட்டு செ.மீ. தானே என்று ஒருநாள் அப்படியே விட்டுவிட்டேன். வரிசையில் மூன்றாவது ஹர்டில் அது. இரண்டே சுற்றில் எல்லாப் பிள்ளைகளும் மூன்றாவதற்கு வரும்போது மட்டும் இடது பக்கம் ஒதுங்கி, தாழ்ந்த ஓரத்தில் தாண்டத் தொடங்கிவிட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான்காவது ஹர்டிலுக்குத் திரும்ப நடுவுக்கு வர வேண்டுமே, அதற்காக ஒரு கோணல் அடி வேறு. நேராக ஓடி, ஒரே தாளத்தில் காலை எடுத்து வைக்கப் பழக்கத்தான் இத்தனை பாடும். ஒரு தகடு எல்லாரையும் பாம்பு மாதிரி வளைந்து ஓட வைத்துவிட்டது.

எண்ணெய் விட்டுப் பார்த்தேன். அதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. எண்ணெய் மண்ணைக் கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்தது. ஒரு வாரத்தில் முன்பைவிட மோசம். கடைசியில் கைகொடுத்தது பென்சில். தகட்டைக் கழற்றி, உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, பென்சில் முனையை அதன் மேலும் பொத்தானைச் சுற்றியும் நன்றாகத் தேய்த்துவிட வேண்டும். பென்சில் கரி உலர்ந்த மசகு. மண் அதில் ஒட்டாது. இரண்டு மாதம் தாங்குகிறது. அப்புறம் மறுபடியும் அதே வேலை. செட்டைத் தயாரித்தவர்கள் துருப்பிடிக்காத தகட்டைப் போட்டிருக்கலாம், அல்லது ஓட்டைக்கு ஒரு ரப்பர் மூடியாவது வைத்திருக்கலாம். பைக்கு இரட்டைத் தையல் போட யோசித்தவர்கள் இதை ஏன் யோசிக்கவில்லை?

சரி, நியாயமாகவும் இருக்க வேண்டும். பாதத்தின் விஷயத்தில் இவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

தடகளப் பாதையில் நிற்கும் ஹர்டில் பக்கவாட்டில் 'எல்' மாதிரி இருக்கும். பாதம் ஓடி வருபவரின் பக்கம் மட்டும். கால் பட்டால் முன்னோக்கிச் சாயும். 1935 வாக்கில் வந்த மாற்றம் அது. அதற்கு முன்னால் தலைகீழ் 'டி' வடிவத்தில், இடித்தாலும் லேசில் சாயாத கனத்த தடைகள்தான். ஓட்டத்துக்கு 'எல்' சரி, ஏனென்றால் ஓடுபவர் ஒரே திசையில்தான் வருவார். எங்கள் பயிற்சி அப்படியில்லை. போவார்கள், திரும்புவார்கள், பக்கவாட்டில் நின்று குதிப்பார்கள், பின்னோக்கிக்கூடத் தாண்டுவார்கள். 'எல்' பாதம் வைத்தால் ஒரு பக்கம் தொட்டதும் விழும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். முரண்டு பிடிக்கும் பக்கத்தில்தான் யாராவது தடுக்கி விழுவார்கள். இந்த செட்டில் பாதம் இரண்டு பக்கமும் சமம், மொத்தம் 24 செ.மீ. எந்தப் பக்கம் இடித்தாலும் ஒரே மாதிரி சாய்கிறது. எடை குறைவு என்பதால் பழைய தலைகீழ் 'டி'யின் பிடிவாதமும் இதற்குக் கிடையாது.

எவ்வளவு லேசாக என்று ஒரு ஆசைக்கு அளந்து பார்த்தேன். ஒரு ஹர்டில் 420 கிராம். ஸ்பிரிங் தராசின் கொக்கியைக் குறுக்குப் பட்டையில் மாட்டி இழுத்தால், 30 செ.மீ. உயரத்தில் 170 கிராம் அளவுக்கு இழுத்ததுமே சாய்ந்துவிடுகிறது. 15-க்கு இறக்கினால் அதைப் போல இரண்டு மடங்கு வேண்டும். நெம்புகோல் கணக்குதான்: பட்டை பாதிக்கு இறங்கினால் தள்ள வேண்டிய விசை இரட்டிக்கும். போட்டி ஹர்டில் குறைந்தது 10 கிலோ எடை. அதைச் சாய்க்க 3.6 முதல் 4 கிலோ வரை விசை வேண்டும் என்பது விதி. எந்த உயரத்துக்கும் அதே அளவு இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அதன் பாதத்தில் நகர்த்தும் எடைக்கட்டி வைத்திருக்கிறார்கள். நம் சின்ன ஹர்டிலில் அதெல்லாம் இல்லை, தேவையும் இல்லை. இரண்டு மடங்கானாலும் சுண்டுவிரலால் தள்ளிவிடலாம்.

இன்னொன்று, நான் எதிர்பார்க்கவே இல்லாதது: சத்தம். பட்டையில் ஷூவின் அடி லேசாக உரசினால் 'ச்சிக்' என்று ஒரு சத்தம். இடித்தால் 'டொக்', அப்புறம் சாயும் சத்தம். பட்டை உள்ளே வெற்றாக இருப்பதால் இந்த வித்தியாசம் தெளிவாகக் கேட்கிறது. முதுகைக் காட்டி நின்று அடுத்த பிள்ளைக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டுக்கொண்டே, பின்னால் யார் காலைத் தூக்கவில்லை என்று என்னால் சொல்லிவிட முடியும். பிள்ளைகளுக்கும் அப்படித்தான். "முட்டியை மேலே தூக்கு" என்று நான் கத்துவதைவிட அந்த 'ச்சிக்' அவர்களுக்கு நன்றாகப் புரிகிறது. விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. செய்தவர்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

மூன்றாம் வருடம் இரண்டு ஹர்டில் உடைந்தன. வெயிலில் வெளுத்த பிளாஸ்டிக். இடித்ததும் வளையாமல் கண்ணாடி மாதிரி சில்லாகத் தெறித்தது, ஓரம் கத்தி போல. அன்றிலிருந்து நிறம் மங்கிய எதையும் நான் நம்புவதில்லை. லேசாக வளைத்துப் பார்ப்பேன். வெள்ளைக் கோடு விழுந்தால் குப்பைக்குத்தான்.

இரண்டுக்குப் பதிலாக நானே செய்தேன். 25 மி.மீ. பிவிசி குழாய், நான்கு டீ (குழாய்களை இணைக்கும் 'டி' வடிவ மூட்டு), பாதங்களுக்கு எண்ட் கேப் (முனை மூடி). அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். மூன்று முறை மாற்றிச் செய்ய வேண்டியிருந்தது, அந்த மூன்றும் எனக்குப் பாடம்.

முதல் முறை எல்லா மூட்டையும் பசை போட்டு ஒட்டினேன். உறுதியாக நின்றது. பையில் போகவில்லை.

இரண்டாவது முறை, காற்றில் விழாமல் இருக்கட்டும் என்று பாதக் குழாய்களுக்குள் மணலை நிரப்பி மூடினேன். எடை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. மலை மாதிரி அசையாமல் நின்றது, எனக்குப் பெருமை வேறு. மறுநாளே ஒரு பையனின் முழங்காலுக்குக் கீழே கோழி முட்டை மாதிரி வீங்கிவிட்டது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த சுற்றில் அந்த ஹர்டிலுக்கு முன்னால் மட்டும் ஒரு நொடி தயங்கினான். அந்தத் தயக்கத்தைப் பார்த்ததும் அன்று மாலையே மணலைக் கொட்டிவிட்டேன். வீக்கம் ஒரு வாரத்தில் போனது, தயக்கம் போக ஒரு மாதம் ஆனது.

மூன்றாவது முறை காலும் பாதமும் மட்டும் ஒட்டு. குறுக்குக் குழாய், பாதியாக அறுத்த டீயின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும், தொட்டில் மாதிரி. எந்தப் பக்கம் இடித்தாலும் குழாய் மட்டும் கழன்று விழும், கால்கள் நிற்கும். இதுதான் முடிவான வடிவம் என்று நினைத்தேன். அங்கேயும் ஒரு பொறி இருந்தது. விழுந்த குழாய் உருண்டையானது. தாண்டிய கால் இறங்கும் இடத்துக்கே அது உருண்டு போகிறது. அதன் மேல் மிதித்தால் கணுக்கால் புரண்டுவிடும். நல்லவேளை, மிதித்தது நான்தான், அதுவும் நடக்கும்போது. பிறகு எலாஸ்டிக் கயிற்றால் குழாயின் ஒரு முனையைக் காலோடு கட்டினேன். இப்போது விழுந்தால் பக்கத்திலேயே தொங்குகிறது, உருண்டு போவதில்லை. கயிறு இருப்பதால் மடித்து வைக்கும்போது குழாய் தொலைவதும் இல்லை.

உயரம் மாற்ற என் ஹர்டிலில் பொத்தான் கிடையாது. காலில் மூன்று உயரத்தில் மூன்று டீ, எதில் வேண்டுமோ அதில் குழாயைத் தூக்கி வைக்க வேண்டியதுதான். இரண்டு நொடி. மண் புகுந்தாலும் கவலையில்லை, துருப்பிடிக்க ஒன்றும் இல்லை. சரிந்து நின்றால் தூரத்திலிருந்தே தெரியும். ஆனால் அசிங்கமாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். பலத்த காற்றடித்தால் குழாய் விழுகிறது. பையில் கடையில் வாங்கிய நான்கும் தட்டையாகப் படுத்துக்கொள்ள, என்னுடைய இரண்டும் கையைக் காலை நீட்டிக்கொண்டு பாதி இடத்தை அடைக்கின்றன. பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் முறைப்பதும் இவற்றால்தான்.

'எடுத்துச் செல்ல வசதி' என்ற வார்த்தையின் மதிப்பு எனக்கு அங்கேதான் புரிந்தது. கடை செட் மடங்கும் விதம் உண்மையிலேயே பிரமாதம். பாதத்தைத் திருப்பினால் கால்களோடு ஒரே தளத்துக்கு வந்துவிடும். ஆறையும் அடுக்கினால் ஒரு தடித்த அகராதி அளவுதான். நான்கு வருடத்தில் அந்தக் கீல் ஒன்றுகூட தளரவில்லை. பையின் ஜிப்பும் இன்றுவரை சிக்கியதில்லை. வேகமாக விரித்து, வேகமாகச் சுருட்டிக் கிளம்ப முடிகிறது என்பதால்தான் வாரம் நான்கு நாள் நடக்கிறது இந்தப் பயிற்சி. கனமான எதையாவது வாங்கியிருந்தால் இரண்டாவது மாதமே மூலையில் போட்டிருப்பேன்.

இவ்வளவையும் அன்று போனில் நண்பனிடம் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. கீல் அருமை, பாதம் அருமை, பை அருமை, சத்தம் அருமை. முடிவாக என்ன சொன்னேன் என்கிறீர்களா? "வாங்காதே" என்றேன். குறடு கையில் இருந்தது.

மறுநாள் காலை பயிற்சி முடிந்து, நான்கையும் மடித்துப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தபோது மனசு கேட்கவில்லை. "நேத்து கோபத்துல சொல்லிட்டேன், வாங்கு" என்று அவனுக்குச் செய்தி அனுப்பினேன். ராத்திரியே ஆர்டர் போட்டுவிட்டானாம். என்னைக் கேட்டதே ஒரு மரியாதைக்குத்தான் போலிருக்கிறது.

பெட்டி வந்ததும் பன்னிரண்டு பொத்தானையும் கழற்றி, கரி தேய்த்துத் திரும்ப மாட்டிய பிறகுதான் மைதானத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கூடவே ஒரு பென்சிலும் வாங்கி வைக்கச் சொன்னேன்.