கத்திரி வெயிலில் பதினெட்டு நாள்: ஒரு சொட்டுநீர்ப் பெட்டி எப்படி உழைத்தது?

மகளுக்குப் பிரசவம் மே இரண்டாவது வாரத்தில் என்று மருத்துவர் சொன்னதும் வீட்டில் எல்லோரும் பிறக்கப்போகும் பிள்ளையின் நட்சத்திரத்தைக் கணக்குப் போட்டார்கள். எனக்கு நினைவுக்கு வந்தது ஒரே நட்சத்திரம்தான்: அக்னி நட்சத்திரம். மே 4 தொடங்கி 28 வரை மதுரையில் மொட்டை மாடித் தரையில் செருப்பில்லாமல் நான்கு எட்டு வைக்க முடியாது. அந்தத் தரையில்தான் என் முப்பத்தெட்டுப் பூந்தொட்டிகள் நிற்கின்றன. மல்லிகை மட்டும் ஒன்பது. செம்பருத்தி, ரோஜா, நித்தியகல்யாணி, கனகாம்பரம், பத்துமணிப் பூ, இட்லிப்பூ, காகிதப்பூ, இரண்டு அடீனியம். முப்பது ஆண்டு பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்ற எனக்கு இப்போது இவைதான் வகுப்பு.

மகள் இருப்பது கோயம்புத்தூரில். நானும் கணவரும் போயே ஆகவேண்டும். எதிர்வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்துப் பூவைப் பறித்துக்கொள்ளச் சொன்னால் மகிழ்ச்சியாகப் பறித்துக்கொள்வார். ஆனால், மூட்டு வலியோடு இருப்பவரைத் தினமும் இரண்டு வேளை மாடியேறித் தண்ணீர் ஊற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படித்தான் ஏப்ரல் நடுவில் அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்தது.

விலை 2,150 ரூபாய். நாற்பது தொட்டிக்கான சொட்டுநீர்த் தொகுப்பு. உள்ளே 4 மில்லிமீட்டர் கறுப்புக் குழாய் முப்பது மீட்டர், தலையைத் திருகிச் சொட்டைக் கூட்டிக் குறைக்கும் சிவப்பு டிரிப்பர்கள் நாற்பது, 'டீ' இணைப்புகள், மண்ணில் குத்தும் ஊசிகள், தண்ணீர்க் குழாயில் மாட்டினால் வைத்த நேரத்துக்குத் தானே திறந்து மூடும் டைமர். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே சாமான் பல பெயர்களில், பல வண்ணப் பெட்டிகளில் விற்கிறது என்பதைப் பின்னர் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பெட்டியின் மேல் சிரிக்கும் வெள்ளைக்காரக் குடும்பம். உள்ளே எறும்பு எழுத்தில் ஒரு தாள். சிரிப்பைப் பார்த்து வாங்கினேன், தாளைப் படிக்கவில்லை. மாணவர்களை இதற்காகத்தான் எத்தனையோ முறை கண்டித்திருக்கிறேன்.

ஒரு ஞாயிறு காலை முழுவதும் உட்கார்ந்து மாட்டினோம். குழாயின் முனையைச் சுடுநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் இணைப்பு சுலபமாக ஏறும். அதைத் தாள் சொல்லவில்லை, கணவர் கண்டுபிடித்தார். டைமரில் நேரம் வைத்தோம். 'டக்' என்று சத்தம் கேட்டது. திரையில் துளி போன்ற படம் மின்னியது. டிரிப்பரில் ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

இரண்டு நாள் அந்த டைமரோடு மல்லுக்கட்டினேன். வாடிக்கையாளர் சேவையில் ஒரு பையன், "மேடம், அணைத்துவிட்டு மறுபடியும் போடுங்கள்" என்பதையே மூன்று விதமாகச் சொன்னான். கடைசியில் தெருமுனை மின்சாதனப் பட்டறைக்காரர் அதைக் கழற்றிப் பார்த்து ஒரே நிமிடத்தில் புரியவைத்தார். உள்ளே இருப்பது சோலனாய்டு வால்வு. தண்ணீரின் அழுத்தம்தான் அதன் ரப்பர் சவ்வைத் தூக்கவேண்டும். தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், குறைந்தது அரைக் கிலோ அழுத்தம் வேண்டும் என்று எழுதித்தான் இருக்கிறது. பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால்தான் ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். என் மாடித் தண்ணீர்த்தொட்டி நான்கடித் திண்டின் மேல் இருக்கிறது. முழுக்க நிரம்பினாலும் நீர்மட்டம் இரண்டு மீட்டரைத் தாண்டாது. அரைக் கிலோ கேட்கும் டைமருக்கு நான் கொடுத்தது கால் கிலோவுக்கும் குறைவு.

நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் மாடித்தோட்டத்துத் தண்ணீர் அதே மாடியில் இருக்கும் தொட்டியிலிருந்துதான் வருகிறது. விற்பவர்கள் இதைப் பெட்டியின் முகப்பிலேயே பெரிதாகப் போட்டிருக்கவேண்டும். என் முதல் புகார் இதுதான், மிகப் பெரிய புகாரும் இதுதான்.

மாற்று இருக்கிறது. பந்து வால்வு உள்ள டைமர் என்று கேட்டு வாங்கவேண்டும். சிறிய மோட்டார் ஒன்று வால்வைத் திருப்பித் திறக்கும், மூடும். அழுத்தமே இல்லாவிட்டாலும் அதற்குக் கவலையில்லை. எனக்கு 1,700 ரூபாய் மேற்செலவு ஆனது. அதில் ஒரு ஆபத்தும் உண்டு. திறந்திருக்கும் நேரத்தில் பேட்டரி தீர்ந்தால் திறந்தபடியே நின்றுவிடும், தொட்டி காலியாகும். ஊருக்குப் போகும் முன் புது பேட்டரி போட்டுவிடுங்கள், சுவர்க்கடிகாரத்திலிருந்து கழற்றியதைப் போடாதீர்கள்.

அதை மாட்டியதும் தண்ணீர் வந்தது. ஆனால் பந்தியில் முதல் இலைக்கு மூன்று கரண்டிப் பாயசம், கடைசி இலைக்கு வெறும் பாத்திரம் என்ற கதையாக இருந்தது. முதல் தொட்டி நிரம்பி வழிந்தது, முப்பதாவது தொட்டியில் மண் நனையவே இல்லை. 4 மில்லிமீட்டர்க் குழாய் வழியே முப்பது மீட்டர் போவதற்குள் இருக்கிற கொஞ்ச அழுத்தமும் தேய்ந்துவிடுகிறது. விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ச் சாமான் விற்கும் கடையில் 16 மில்லிமீட்டர் லேட்டரல் குழாய் பதினைந்து மீட்டரும், ஒரு சல்லடை ஃபில்டரும் வாங்கினேன். பெரிய குழாய் தொட்டிகளின் வரிசையை ஒட்டி ஓடுகிறது. அதிலிருந்து ஒவ்வொரு தொட்டிக்கும் ஒன்றரையடி மட்டும் சின்னக் குழாய். இப்போது ஏறக்குறைய எல்லா இலையிலும் பாயசம் விழுகிறது. ஒரு தொட்டியின் டிரிப்பரைக் குவளைக்குள் விட்டுப் பத்து நிமிடம் பிடித்துப் பார்த்துத்தான் ஒவ்வொன்றையும் திருகினேன். பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர், அதிகாலை ஒரு லிட்டர், மாலை ஆறரைக்கு அரை லிட்டர் என்பது என் கணக்கு. நண்பகலில் நேரம் வைக்காதீர்கள். கறுப்புக் குழாயில் தேங்கி நிற்கும் தண்ணீர் அப்போது ரசத்துக்கு ஆகும் சூட்டில் இருக்கும், அது நேராக வேருக்குப் போகும்.

எல்லாச் செடிக்கும் ஒரே கணக்கு என்பது இந்தப் பெட்டியின் இன்னொரு மூடநம்பிக்கை. சோதித்துப் பார்த்த மூன்று வாரத்தில் காகிதப்பூச் செடி தளதளவென்று தழைத்தது, பூ குறைந்துகொண்டே வந்தது. கொஞ்சம் தாகத்தில் வைத்தால்தான் அது பூக்கும். அதன் டிரிப்பரை இறுக்கி, சொட்டியும் சொட்டாமலும் இருக்கும்படி வைத்தேன். அடீனியம் இரண்டையும் குழாயிலிருந்து கழற்றி மாடிப்படி அருகே, காலை வெயில் மட்டும் விழும் இடத்தில் வைத்துவிட்டேன். அது தன் அடிப்பருமனில் தண்ணீரைச் சேமித்து வைத்திருக்கும். பத்துமணிப் பூவுக்கும் பாதித் தண்ணீர் போதும். அது வெயிலைக் குடித்தே வாழ்கிற ஜாதி.

மல்லிகை வேறு ரகம். கோடைதான் அதன் பருவம். நவம்பர் கடைசியில் கவாத்து செய்தால், அதாவது கிளைகளை வெட்டிவிட்டால், மார்ச்சிலிருந்து பூக்கத் தொடங்கும். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது என் வகுப்புப் பிள்ளைகள் கைதட்டினார்கள். நாற்று என்னவோ இராமேசுவரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. என்னுடையவையும் அந்த மண்ணுக்குச் சொந்தம்தான். ஒரு வருடம் வெயில் அதிகம் என்று பச்சை நிழல்வலையை அதன்மேல் விரித்துவைத்தேன். இலை மழை கண்ட பசும்புல்லாகச் செழித்தது, மொட்டு மட்டும் வரவில்லை. மல்லிகைக்கு வலை வேண்டாம், வேருக்குத்தான் நிழல் வேண்டும். இளநீர்க்கடையில் சும்மா கிடக்கும் மட்டைகளை வாங்கிவந்து உரித்து, மண்ணின்மேல் இரண்டு அங்குலத்துக்கு மூடாக்குப் போட்டேன். எல்லாத் தொட்டிகளையும் செங்கல்மேல் ஏற்றினேன். இந்த இரண்டும் செய்யாமல் டைமரை மட்டும் நம்பியிருந்தால் இந்த விமர்சனத்தை வேறு தொனியில் எழுதியிருப்பேன்.

மே 9 காலை கிளம்பினோம். அக்காவுக்கு இரண்டே வேலை: பூப் பறிப்பது, வாரம் ஒருமுறை கீழே மோட்டார் சுவிட்சைப் போட்டுத் தொட்டியை நிரப்புவது. பூவுக்காக மாடியேற மூட்டு வலி தடையாக இருக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஆறாம் நாள் அவரிடமிருந்து ஃபோன். "டீச்சர், ஒரு இடத்தில் தண்ணீர் பீச்சி அடிக்கிறது. என்ன செய்வது?" அணில் குழாயைக் கடித்திருக்கிறது. தாகத்தில் கடித்ததோ, தண்ணீர் ஓடும் சத்தத்துக்குக் கடித்ததோ. மருத்துவமனை வராந்தாவில் நின்றபடி, பெரிய குழாயைக் கழற்றாமல் சின்னக் குழாயை மட்டும் மடக்கிக் கட்டச் சொன்னேன். அவர் ரவிக்கைத் துணியைக் கிழித்துக் கட்டியிருக்கிறார். அந்தக் கட்டு இன்றும் அப்படியே இருக்கிறது. மறுநாள் பேத்தி பிறந்தாள், பிறகு குழாயைப் பற்றி யார் நினைத்தார்கள்.

27ஆம் தேதி இரவு பத்து மணிக்குத் திரும்பினோம். பெட்டியைக்கூட இறக்காமல் மாடிக்கு ஓடினேன். படியேறும்போதே வாசனை வந்துவிட்டது. அக்கா அன்று பறிக்க வரவில்லை போலும். ஒன்பது மல்லிகைத் தொட்டியும் விரிந்து கிடந்தன. கைப்பேசி விளக்கைப் பிடித்துக் கணக்கெடுத்தேன். செம்பருத்தி, நித்தியகல்யாணி, இட்லிப்பூ நலம். காகிதப்பூ இலை கொட்டிவிட்டு முழுக்கச் சிவந்து நின்றது. கனகாம்பரம் நான்கில் இரண்டு போய்விட்டன. வரிசையின் கடைசி இரண்டும் அவைதான், தொட்டியில் நீர்மட்டம் இறங்கும் வாரக் கடைசியில் அவற்றுக்குச் சரியாகப் போகவில்லை. ரோஜா ஒன்று பட்டுவிட்டது, இன்னொன்று அடித்தண்டில் மட்டும் பச்சையாக இருந்தது. ரோஜா போனதற்குக் காரணம் மறுநாள் காலையில் தெரிந்தது. டிரிப்பரின் வாயில் வெள்ளையாக உப்புப் படிந்து அடைத்திருந்தது. எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் அப்படி. ஃபில்டர் மணலைப் பிடிக்கும், கரைந்திருக்கும் உப்பை என்ன செய்யும்? இப்போது மாதம் ஒருமுறை டிரிப்பர்களைக் கழற்றி எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் ஓரிரவு ஊறப்போடுகிறேன். பஞ்சகவ்யம், மீன் அமிலம் போன்ற திரவ உரங்களை இந்தக் குழாய் வழியே விடும் யோசனை யாருக்காவது இருந்தால் கைவிடுங்கள், குவளையால் ஊற்றுங்கள்.

டிரிப்பருக்கும் குழாய்க்கும் ஐந்தில் நான்கு மதிப்பெண் தருவேன். மூன்று மாத வெயிலுக்குப் பிறகும் வெடிக்கவில்லை. டைமருக்கு என் தண்ணீர்த்தொட்டியை வைத்துப் பார்த்தால் பூஜ்யம். மொத்தமாக 2,150 கொடுத்து வாங்கியதில் நான் பயன்படுத்துவது பாதிதான். மறுபடி வாங்குவதாக இருந்தால் நேராகச் சொட்டுநீர்க் கடைக்குப் போய்க் குழாய், டிரிப்பர், ஃபில்டர் ஆகியவற்றைத் தனித்தனியாக வாங்கிக்கொண்டு, பந்து வால்வு டைமரை மட்டும் வெளியில் வாங்குவேன். குளிக்கும் குழாயில் பிரஷர் பம்பு போட்டிருக்கும் வீடுகளுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை, பெட்டியை அப்படியே வாங்கலாம். ஊரிலேயே இருப்பவர்கள், பத்துத் தொட்டிக்குள் வைத்திருப்பவர்கள் வாங்கவே வேண்டாம். காலையில் பூவாளியோடு மாடியேறி, மண்ணுக்குள் விரலை இரண்டாம் கணு வரை விட்டுப் பார்ப்பதைவிடத் துல்லியமான கருவி எதுவும் அந்தப் பெட்டியில் இல்லை. மதியம் இரண்டு மணிக்குச் செம்பருத்தி தலையைத் தொங்கப்போட்டால் அது வெயிலுக்குச் செய்கிற பாசாங்கு, மாலையில் தானே நிமிர்ந்துவிடும் என்பதும் டைமருக்குத் தெரியாது.

அந்தப் பழைய சோலனாய்டு டைமரைத் தூக்கிப் போடவில்லை. திருமங்கலத்தில் தம்பி வீட்டில் பிரஷர் பம்பு இருக்கிறது. அங்கே அது ஒரு நாள்கூடத் தவறாமல் காலை ஐந்தரைக்கு 'டக்' என்று திறக்கிறதாம். அவன் வீட்டில் பூச்செடி கிடையாது, கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும்தான்.