பொங்கல் பானை எழுந்து நிற்க எந்தக் காகிதம்? ஒரு பாப்-அப் பெட்டியும் சுல்தான்பேட்டைக் கடைகளும்

டிசம்பர் பிறந்தாலே பெங்களூர் கைவினைக் கடைகளின் முன்வரிசையில் ‘பாப்-அப் கார்டு கிட்’ பெட்டிகள், அதாவது திறந்தால் உள்ளே உருவம் எழுந்து நிற்கும் வாழ்த்து அட்டைகளைச் செய்வதற்கான சாமான் பெட்டிகள், வந்து உட்கார்ந்துவிடும். கிறிஸ்துமஸையும் புத்தாண்டையும் நம்பி வருகிற சரக்கு. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் கையால் பொங்கல் வாழ்த்து செய்து அனுப்ப நினைப்பவர்களும் முதலில் கை வைப்பது இதில்தான். இங்கே பார்க்கப்போவது கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் அறுநூறு ரூபாயை ஒட்டி விற்கும் ஒரு பெட்டி. பெயர் வேண்டாம், பெட்டியின் மேல் படம் மாறுகிறதே தவிர, இந்த விலையில் உள்ளே இருப்பது பெரும்பாலும் இதே சாமான்தான்.

மடித்த அடி அட்டை ஆறு, டை வெட்டு (அச்சால் முன்கூட்டியே வெட்டியது) போட்ட பாகத் தாள் எட்டு, ஒரு குளூ ஸ்டிக், ஒரு பிளாஸ்டிக் கத்தரிக்கோல், ஆறு கவர், கொஞ்சம் ஃபோம் டேப், நான்கு பக்க விளக்கத் தாள். இவற்றில் காசு பெறுவது டை வெட்டுத் தாள்கள் மட்டும். கத்தரிக்கோலை வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் கொடுத்துவிடலாம்.

தாள்களின் வெட்டு உண்மையிலேயே சுத்தம். நட்சத்திரத்தின் கூர்முனைகூட மழுங்காமல் வருகிறது. பாகங்களைத் தாளோடு பிடித்து நிறுத்தும் சின்னப் பாலங்களைப் பிய்க்காமல், பிளேடு முனையால் ஒவ்வொன்றாக அறுக்க வேண்டும். பிய்த்தால் விளிம்பில் வெள்ளைப் பிசிறு நிற்கும். அடர் நிறத் தாளில் அது தனியாகத் தெரியும். இரண்டு தாள்கள் ஒரே காகிதத்தை வெட்டி மடித்தே கட்டடம் எழுப்பும் வகை. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் மசாஹிரோ சதானி 1980-களில் வளர்த்தெடுத்த முறை அது, ஒட்டுவேலையே கிடையாது. பெட்டியில் முதலில் எடுக்க வேண்டியது இந்த இரண்டைத்தான். பசை குறுக்கே வராததால், மடிப்பு எப்படி வேலை செய்கிறது என்பது கைக்குப் பிடிபட்டுவிடும்.

சறுக்கல் அடி அட்டையில் தொடங்குகிறது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கனக் கணக்கு), பளபளப்பான ஆர்ட் கார்டு. தொட்டுப் பார்த்தால் பணக்காரத்தனமாகத்தான் இருக்கிறது. இரண்டு மூன்று முறை திறந்து மூடினால் முதுகு மடிப்பில் மேல்பூச்சு வெடித்து வெள்ளைக் கோடு ஓடும். அட்டை கனமாக இருப்பதுதான் காரணம் என்று நினைக்கத் தோன்றும். கனம் பாதிக் காரணம்தான், மீதி கிரெய்ன், அதாவது இழை ஓடும் திசை. ஆலையில் காகிதம் ஓடும் திசையிலேயே இழைகள் படுக்கும். அந்தத் திசைக்கு இணையாக மடித்தால் காகிதம் சொன்ன பேச்சு கேட்கும். குறுக்கே மடித்தால் இழை முறியும். கடையில் கிடைக்கும் ஏ4 தாள்களில் பெரும்பாலும் இழை நீளவாக்கில் ஓடும். ஏ4-ஐ ஏ5 ஆக மடிக்கும் மடிப்போ குறுக்குவாக்கில் வருகிறது. இந்தப் பெட்டியின் அட்டையும் அப்படியே வெட்டப்பட்டதுதான்.

கிரெய்னைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். தாளை மடிப்பு விழாமல் இரண்டு பக்கமும் வளைத்துப் பார்த்தால், எந்தப் பக்கம் லேசாக வளைகிறதோ அந்த வளைவின் அச்சுக்கு இணையாக இழை ஓடுகிறது. சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் ஒரு சதுரம் வெட்டி ஒரு பக்கத்தை மட்டும் ஈரமாக்குங்கள். தாள் குழாய்போலச் சுருளும். குழாயின் நீளம் எந்தப் பக்கமோ அதுதான் கிரெய்ன்.

ஆகவே அட்டைக்குப் பெட்டியை நம்ப வேண்டாம், சுல்தான்பேட்டைக்குப் போங்கள். பச்சை வழி மெட்ரோவில் சிக்கபேட்டையில் இறங்கினால் நடக்கிற தூரம். கல்யாணப் பத்திரிகைக் கடைகளும் காகிதக் கடைகளும் தோளோடு தோள் உரசி நிற்கும் தெருக்கள். ஞாயிற்றுக்கிழமையை நம்பிப் போக வேண்டாம். கார்த்திகை, தை முகூர்த்த நாட்களுக்கு முன்னால் பத்திரிகை ஆர்டர் நெரிசலில் சில்லறை வாங்க வருபவரை யாரும் கவனிக்க மாட்டார்கள். வார நாள், காலையில் கடை திறந்த கையோடு போவது நல்லது. தமிழ் செல்லும். “அண்ணா, ஐவரி போர்டு 250 ஜிஎஸ்எம், பெரிய ஷீட்” என்று கேட்டால் போதும். ‘கிரீட்டிங் கார்டுக்கு ஏதாவது பேப்பர்’ என்று கேட்டால் மினுக்குத் தாளைத்தான் எடுத்துப் போடுவார்கள்.

அடி அட்டைக்கு 220 முதல் 250 ஜிஎஸ்எம், பளபளப்பு இல்லாதது. எழுந்து நிற்கும் பாகங்களுக்கு 160 முதல் 200. பெட்டியின் பாகத் தாள்கள் கைக்கு 130 அளவுதான் இருக்கும். நட்சத்திரம் தாங்குகிறது, 10 செ.மீ. உயர மரம் இரண்டாம் நாளே தலை தொங்குகிறது. ஹேண்ட்மேட் காகிதம் எடுத்தால் கிரெய்ன் தொல்லை அநேகமாக இல்லை, ஆனால் மடிப்பு மொண்ணையாக விழும், வெட்டு விளிம்பு பஞ்சு விடும். மேலே ஒட்டுகிற அலங்காரத்துக்குச் சரி, தாங்குகிற பாகத்துக்கு வேண்டாம்.

22-க்கு 28 அங்குல ஷீட் ஒன்று வாங்கினால் அதில் எத்தனை ஏ4? நேராக அடுக்கினால் நான்கு. 22 அங்குலப் பக்கத்தை 210 மி.மீ. ஒரு பட்டை, 297 மி.மீ. ஒரு பட்டை என்று பிரித்தால் முதல் பட்டையில் இரண்டு, அடுத்ததில் மூன்று, ஆக ஐந்து. கட்டிங் மெஷின்காரர் இந்தக் கணக்கைச் சந்தோஷமாகச் செய்து கொடுப்பார். ஆனால் இப்படி வெட்டினால் ஐந்திலும் இழை ஒரே பக்கம் ஓடாது. ஷீட்டில் கிரெய்ன் 28 அங்குலப் பக்கமாக ஓடினால், மூன்று தாள்களில் அது குறுகிய பக்கத்துக்கு இணையாக வரும். ஏ5 மடிப்புக்கு அவைதான். மற்ற இரண்டைப் பாகங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது நீளவாக்கில் மடித்து ஒல்லியான அட்டையாக்குங்கள். வெட்டியவுடன், எல்லாம் கலப்பதற்குள், பென்சிலில் ஓரமாக ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள்.

விளக்கத் தாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படங்கள் அழகு, அளவுகள் பூஜ்யம். பெட்டியில் பொங்கலுக்கு என்று எதுவும் கிடையாது. பனிமனிதனைத் திருப்பி வைத்தால் பானை ஆகாது. அதனால் பெட்டியில் மரம் எழுந்து நிற்கும் அட்டையில் இருக்கும் அதே வி-மடிப்பு நுட்பத்தை (பாகத்தை நடுவில் மடித்து ஆங்கில V வடிவில் ஒட்டுவது) வைத்துப் பானைக்கான அளவுகள் இதோ.

அடி அட்டை ஏ4, நடுவில் மடித்தது. விரித்து வைத்தால் முதுகுக்கோடு உங்களிடமிருந்து எதிர்ப்பக்கம் நோக்கி ஓட வேண்டும். பானைக்குச் செம்மண் நிறத்தில் 90 மி.மீ. அகலம், 70 மி.மீ. உயரம், நடுவில் செங்குத்தாக ஒரு மடிப்பு. அடியில் இரண்டு பக்கமும் 10 மி.மீ. ஒட்டுப்பட்டை. பெட்டியில் வருகிற பட்டைகள் 5 மி.மீ.தான், முதல் வாரத்திலேயே பிரிந்து வருவது அதனால்தான். முதுகுக்கோட்டில் கீழ் விளிம்பிலிருந்து 60 மி.மீ. தள்ளி ஒரு புள்ளி. அங்கிருந்து இரண்டு பக்கமும் மேல்நோக்கி, முதுகுக்கோட்டுக்கு 45 டிகிரியில், பென்சிலால் மெல்லிசாகக் கோடு. பானையின் நடு மடிப்பு அந்தப் புள்ளியில் வந்து நிற்கும், வயிறு பார்ப்பவரை நோக்கித் தள்ளும்.

ஏன் 60? அட்டையை மூடும்போது பானை முன்பக்கமாகச் சாய்ந்து படுக்கும். 45 டிகிரி கோணத்தில் 70 மி.மீ. உயரமுள்ள நடு மடிப்பு ஏறக்குறைய 50 மி.மீ. கீழே இறங்கிப் படுக்கிறது. 60-ல் வைத்தால் 10 மி.மீ. மிச்சம். 40-ல் வைத்தால் பானையின் வாய் மூடிய அட்டைக்கு வெளியே எட்டிப் பார்க்கும். கோணத்தைக் குறைத்தால் இறக்கமும் குறையும், ஆனால் பானை ஒடுங்கிக் கூர்மூக்காகத் தெரியும்.

பானையின் அடிக்கோடு நடு மடிப்புக்குச் சரியாக 90 டிகிரியில் இருந்தால், அட்டையை முழுக்க விரித்ததும் பானை நிமிர்ந்து நிற்கும். 90-க்குக் கூடினால் பார்ப்பவர் பக்கம் சாயும், குறைந்தால் பின்னால் சாயும். பக்கவாட்டில் கோணினால் அடிக்கோட்டைக் குற்றம் சொல்லாதீர்கள். இரண்டு ஒட்டுக்கோடுகளின் கோணம் சமமில்லை என்று பொருள்.

அந்தச் சமத்துக்கு ஒரு வழி உண்டு. ஒரு பக்கக் கோட்டை மட்டும் அளந்து வரையுங்கள். ஒரு பட்டையை அதில் ஒட்டிவிட்டு, பானையை நடு மடிப்பில் மடித்து அந்தப் பக்கமாகவே தட்டையாகப் படுக்க வையுங்கள். மேலே தெரியும் இரண்டாவது பட்டையில் பசை தடவி, அட்டையை மூடி அழுத்துங்கள். அது விழ வேண்டிய இடத்தில் தானே விழும். விளக்கத் தாள் இதைச் சொல்லாமல் இரண்டு பக்கமும் புள்ளிக்கோடு போட்டிருக்கிறது. அச்சு ஒரு மி.மீ. நகர்ந்திருந்தாலும் அட்டை மூடாது. பட்டைகளின் முனையை முதுகுக்கோட்டிலிருந்து 2 மி.மீ. விட்டுச் சாய்வாக நறுக்கிவிடவும். பட்டை கோட்டைத் தாண்டினாலோ, பசை கோட்டுக்குள் வழிந்தாலோ, அட்டை பாதி திறந்து நின்றுவிடும்.

சூரியனுக்கும் இதே வேலைதான். 95 மி.மீ. உயரம், 110 மி.மீ. அகலம், புள்ளி பானையிலிருந்து 50 மி.மீ. பின்னால், அதே 45 டிகிரி. கோணம் ஒன்றாக இருந்தால் இரண்டும் மடங்கும்போது ஒன்றையொன்று முட்டாது. கரும்பு இரண்டும் தனியாக நிற்க வேண்டியதில்லை. சூரியனின் இரண்டு ஓரத்திலும் பின்பக்கமாக ஒட்டுங்கள். தோகையோடு சேர்த்து 130 மி.மீ. தாண்டக் கூடாது. தோகை வெளிப்பக்கம் விரிந்தால் மூடிய அட்டையின் ஓரத்தில் பச்சையாக நீட்டிக்கொண்டு வரும். பொங்கி வழியும் நுரைக்குப் பெட்டியின் ஃபோம் டேப்பைப் பயன்படுத்தலாமே என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். மூடினால் அந்த இடம் புடைத்துச் சூரியனில் தடம் விழும். வெள்ளைக் காகிதத்தையே சுருள் வெட்டாக வெட்டிப் பானையின் வாயில் ஒட்டினால் போதும்.

மடிப்பதற்கு முன் கோடு கீற வேண்டும், அதில் சமரசம் இல்லை. மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவும் ஸ்டீல் ஸ்கேலும் போதும்; கீறிய பள்ளம் மடிப்பின் வெளிப்பக்கம் வரும்படி மடியுங்கள். வெட்டுவதற்கு 9 மி.மீ. ஸ்னாப் பிளேடு கட்டர், அடியில் கட்டிங் மேட். 250 ஜிஎஸ்எம் அட்டையை ஒரே இழுப்பில் அறுக்க நினைத்தால் ஸ்கேல் நகரும். லேசாக இரண்டு மூன்று இழுப்பு. பிளேடு இழுபட ஆரம்பித்தாலே ஒரு துண்டை ஒடித்துவிடுங்கள், மொண்ணை பிளேடுதான் விரலைப் பதம் பார்க்கும்.

பெட்டியின் குளூ ஸ்டிக் தாளைத் தாளின் மேல் தட்டையாக ஒட்டுவதற்கு ஆகும். இழுபடுகிற பட்டைக்கு ஆகாது. ஃபெவிகால் எம்ஆர் பிடிக்கும், ஆனால் தண்ணீர்ப் பசை எதுவானாலும் அதிகம் வைத்தால் காகிதம் நெளியும். பல்குத்தும் குச்சியால் மெல்லிய கோடாகத் தடவி, மூடி, மேலே கனமான புத்தகம். அவசரமென்றால் 6 மி.மீ. டபுள் சைட் டேப். நெளிவு வராது, ஆனால் வைத்த இடம் வைத்ததுதான், திருத்த முடியாது. ஃபெவிக்விக் பக்கம் போகாதீர்கள். ஊறி வெளியே வந்து கறையாகும், பட்டை விறைத்து மடிப்பில் ஒடியும்.

வாசகத்தை அச்சடிப்பவர்களுக்கு ஒன்று: லேசர் பிரின்ட்டில் டோனர் (மைத்தூள்) காகிதத்தின் மேலேதான் உட்காரும், மடிப்புக்கோட்டின் மேல் அடர் நிறம் வந்தால் உதிரும். முதுகுக்கோட்டைச் சுற்றி வெறுமையாக விடுங்கள்.

பெட்டியின் கவர்கள் அட்டைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கின்றன, அதுதான் குறை. உள்ளே பானையும் சூரியனும் சேர்ந்தால் அட்டை 3 மி.மீ. தடிக்கும், திணித்தால் கவரின் ஓரம் கிழியும். ஏ5 அட்டைக்கு 162-க்கு 229 மி.மீ. உள்ள சி5 கவர் கேளுங்கள், சுல்தான்பேட்டையிலேயே கிடைக்கும். எடையையும் பார்த்துக்கொள்ளுங்கள். 250 ஜிஎஸ்எம் ஏ4 ஒன்றே 15.6 கிராம். பாகங்களும் கவரும் சேர்ந்தால் 20 கிராமை நிச்சயம் தாண்டும். தபால் கட்டணம் 20 கிராம் படியில் ஏறுவதால் ஒரு படிக்கு மட்டும் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால், குறைந்த கட்டணத்துக்கான காசை ஊரில் வாங்குகிறவரிடம் கேட்பார்கள். தபால் நிலையத்திலேயே எடை போட்டு ஒட்டுங்கள்.

இன்னொரு பெட்டி வாங்கத் தேவையில்லை. டை வெட்டுத் தாள்களைப் பிரிப்பதற்கு முன், அவற்றின் மேல் ட்ரேசிங் பேப்பர் வைத்து அச்சு எடுத்துக்கொள்ளுங்கள்.