கேட்ச் கேனுக்கு எந்த ஹோஸ்? மேல்தோலை விட்டு உள்சுவரைப் பாருங்கள்

இன்ஜினிலிருந்து இன்டேக்குக்குத் திரும்பும் வாயுவில் கலந்த ஆயிலைப் பிடித்துவைப்பது ஆயில் கேட்ச் கேன். அதை வாங்குகிறவர்கள் கேனுக்குள் இருக்கும் தடுப்புத் தகட்டையும் கொள்ளளவையும் நாள்கணக்கில் அலசுவார்கள். கூடவே பெட்டியில் வரும் கறுப்பு ஹோஸைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டிவிடுவார்கள். அலுமினியக் கேன் வண்டி இருக்கும்வரை இருக்கும். முதலில் சாவது ஹோஸ்.

அதற்குள் ஓடுவது என்ன என்று பார்த்தாலே பாதித் தேர்வு முடிந்துவிடும். பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாகக் கசிந்து இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸுக்குள் இறங்கும் பிளோ-பை வாயுவில் ஆயில் துளிகள், எரியாத பெட்ரோல் ஆவி, நீராவி, கொஞ்சம் அமிலம் எல்லாம் கலந்திருக்கும். அழுத்தம் பெரிதாகக் கிடையாது, இருப்பது உறிஞ்சல். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஐடிலில் ஓடும்போது இன்டேக் மேனிஃபோல்டில் சுமார் 60 முதல் 70 கிலோபாஸ்கல் வேக்குவம் இருக்கும். வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அது இன்னும் ஏறும். ஆகவே ஹோஸின் மேல் ‘300 பி.எஸ்.ஐ. தாங்கும்’ என்று அச்சிட்டிருப்பதில் இங்கே பெரிய பயன் இல்லை. கேட்க வேண்டியவை மூன்றுதான்: உள்சுவர் சூடான ஆயிலையும் பெட்ரோல் ஆவியையும் தாங்குமா? வளைவில் உறிஞ்சும்போது சப்பையாகாமல் நிற்குமா? பக்கத்திலிருக்கும் சூட்டைத் தாங்குமா?

முதலில் தள்ள வேண்டியவற்றைத் தள்ளிவிடுவோம். உள்ளே ஓடுவது தெரியும் என்று பலர் போடும் ஒளி ஊடுருவும் பிவிசி டியூப் இன்ஜின் சூட்டில் கொழகொழவென்று இளகி வளைவில் ஒட்டிக்கொள்ளும். நாளாக ஆக அதன் மென்மையூட்டிகளை ஆயில் கரைத்து எடுத்துவிட, மஞ்சளாகி விறைத்து, ஹோஸ் மாட்டும் குழல்முனையான நிப்பிளில் விரிசல் விடும். ஆயில் அளவு தெரிய வேண்டுமென்றால் அளவுக்கோல் வைத்த கேன் வாங்குங்கள்.

ஹீட்டர் ஹோஸ் இதைவிட வஞ்சகமானது, ஏனென்றால் பார்க்கத் தடிமனாக, நம்பகமாக இருக்கும். அது ஈபிடிஎம் ரப்பர். கூலண்டும் சூடும் அதற்குப் பிரச்சினையே இல்லை; பெட்ரோலிய ஆயில்தான் ஜென்மப் பகை. சில மாதம் ஓடிய ஒன்றைக் கழற்றிப் பாருங்கள்: நிப்பிளில் மாட்டிய முனை மணியின் வாய்போல விரிந்திருக்கும், கிளாம்ப் ரப்பருக்குள் புதைந்திருக்கும், விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே மேலெழாது. குறுக்கே வெட்டினால் உள்சுவர் வீங்கித் துளை சிறுத்திருக்கும். சில சமயம் உள் அடுக்கு நூல் வலையிலிருந்து உரிந்து நாக்குபோலத் தொங்கும். அந்த நாக்கு வழியை அடைத்தால் கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி டிப்ஸ்டிக் மேலெழும், ஆயில் சீல்கள் கசியும். ஆளோ சீலை மாற்றிக்கொண்டிருப்பார், குற்றவாளி ஹோஸுக்குள் இருக்கும்.

அடுத்தது சிலிகோன். நீலம், சிவப்பு என்று பளபளக்கும். 170, 180 டிகிரி செல்சியஸை அனாயாசமாகத் தாங்கும். டர்போ, இன்டர்கூலர், கூலண்ட் வேலைக்கு அருமை. கேட்ச் கேனுக்குச் சாதா சிலிகோன் சரிப்படாது. ஆவியை ஊடுருவவிடுவது அதன் இயல்பு. உள்ளே ஓடும் ஆயிலும் பெட்ரோல் ஆவியும் மெல்ல வெளித்தோலுக்கு வந்து பிசுபிசுப்பாக வியர்க்கும், தூசி ஒட்டும், ஏசியில் வெளிக்காற்று எடுக்கும்போது கேபினுக்குள் ஆயில் வாடை வரும். எங்கும் கசிவு தெரியாது. ஹோஸ் முழுவதுமே கசிகிறது என்று யாருக்கும் தோன்றாது. வலுவூட்டல் இல்லாத மெல்லிய சிலிகோன் வேக்குவம் டியூபை மேனிஃபோல்ட் பக்கம் போட்டால் இன்னொரு சங்கடம்: ஐடிலிலேயே வளைவு சப்பையாகும். உள்ளே ஃப்ளூரோசிலிகோன் பூச்சும் சுவரில் மூன்று, நான்கு நூல் அடுக்கும் உள்ள வகை இதற்கு விதிவிலக்கு. டர்போ வண்டியில் வால்வ் கவரிலிருந்து டர்போ முன்குழாய்க்குப் போகும் பெரிய துளைக் குழாய்க்கு அது நல்ல தேர்வு. ‘ஆயில் தாங்கும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். ஃப்ளூரோ உள்பூச்சு என்று தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். வெட்டுமுனையில் உள் அடுக்கு வேறு நிறத்தில் தெரிவது நல்ல அறிகுறி.

பெரும்பாலான வண்டிகளுக்கு என் ஓட்டு நைட்ரைல் உள்சுவர் கொண்ட, எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர் சங்கம்) தரக்குறியான 30ஆர்7 என்று அச்சிட்ட ஹோஸுக்கு. எரிபொருள், பிசிவி (கிராங்க்கேஸ் வாயுவை வெளியேற்றும் அமைப்பு), எரிபொருள் ஆவிக் குழாய் ஆகிய வேலைகளுக்கென்றே விற்கப்படும் வகை இது. உள்ளே நைட்ரைல், நடுவில் நூல் வலை, வெளியே ஓசோனையும் வெயிலையும் தாங்கும் வேறு ரப்பர். நைட்ரைல் தனியாக இருந்தால் ஓசோனில் வெடிக்கும், அதனால்தான் இந்த மேல்தோல். அதன் பலவீனம் சூடு: 100 டிகிரியைத் தொடர்ந்து தாங்கும், 120ஐத் தாண்டி நாள்கணக்கில் வெந்தால் விறைத்துப்போகும். எக்ஸாஸ்ட் பக்கம் போகாத குழாய்க்கு இதற்கு மேல் செலவழிப்பது வீண்.

எக்ஸாஸ்ட் பக்கம் போக வேண்டியிருந்தால் 30ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ். உள்சுவர் வைட்டான் வகை ஃப்ளூரோ ரப்பர். ஆயிலும் பெட்ரோல் ஆவியும் அதனிடம் தோற்கும். அந்த ரப்பர் தனியாக 200 டிகிரி தாங்கும் என்றாலும் மற்ற அடுக்குகள் சாதாரண ரப்பர்தான் என்பதால் முழு ஹோஸுக்கும் அந்த எண்ணைப் பொருத்திவிடக் கூடாது. விறைப்பு அதிகம், குறுகிய வளைவுக்கு ஒத்துவராது, பெரும்பாலும் சிறிய துளைகளில்தான் கிடைக்கிறது.

ஸ்டீல் வலை பின்னிய ஹோஸைப் பார்த்தால் எல்லோருக்கும் ஆசை வரும். வலை உரசலையும் வெளிக்காயத்தையும் தடுக்கும். ஆயிலுக்கு எதிராக ஒன்றும் செய்யாது. உள்ளே நைட்ரைலா, சிபிஈ என்ற செயற்கை ரப்பரா, பிடிஎஃப்ஈ என்ற டெஃப்லானா என்பதுதான் கேள்வி. பிடிஎஃப்ஈ எதற்கும் வீங்காது, 200 டிகிரிக்கு மேலும் தாங்கும். ஆனால் வளைவு குறுகினால் சட்டென்று மடிந்துவிடும். ஒருமுறை மடிந்த இடம் மடிந்ததுதான், அதற்கென்று உள்ள ஃபிட்டிங்கும் வேண்டும். கூடவே அந்த ஸ்டீல் வலை ஒரு அரம். ஒயரிங், ஏசி குழாய், பெயின்ட் எதில் உரசினாலும் அறுத்துவிடும்.

அளவில்தான் இன்னும் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஃபிட்டிங், ஹோஸ்களுக்கான ஏஎன் அளவுமுறையில் ஏஎன் 10 என்றால் ஒரு அங்குலத்தில் பதினாறில் பத்து பங்கு, அதாவது 16 மி.மீ. என்று வாங்குவார்கள். அது குழாயின் வெளிவிட்டக் கணக்கு. ஹோஸ் துளை சுமார் 14 மி.மீ., ஃபிட்டிங்குக்குள் இன்னும் குறைவு. கிராங்க்கேஸ் வாயு வெளியேறும் 19 மி.மீ. மூச்சுக்குழாய்க்குப் பதில் அதைப் போட்டால் துளையின் பரப்பு கிட்டத்தட்ட பாதியாகும். ஏஎன் 6 என்றால் துளை வெறும் 9 மி.மீ.க்குள். வண்டியில் ஏற்கெனவே இருக்கும் குழாயின் உள்விட்டத்தை வெர்னியரில் அளந்து, அதைவிடச் சிறிதாக எங்கும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேனின் நிப்பிளும் இதில் சேர்த்தி.

அழுத்தித் தள்ளி மாட்டும் புஷ்-லாக் வகையும் பெரும்பாலும் நைட்ரைல் குடும்பம்தான். அதற்கான முள் நிப்பிளில் கிளாம்ப் இல்லாமலே பிடித்துக்கொள்ளும். மேலே கிளாம்ப் போட்டால் முள் உள்சுவரை வெட்டும், போடாதீர்கள். பெரிய அளவுகளில் அதன் வேக்குவம் தாங்கும் எண்ணைத் தனியாகப் பாருங்கள்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை. இன்ஜின் மவுண்டில் ஆடும், பாடியில் பிடித்த கேன் ஆடாது. நீளத்தில் 25 முதல் 30 மி.மீ. தளர்வு வையுங்கள், இல்லாவிட்டால் கியர் மாற்றும் ஒவ்வொரு உலுக்கலிலும் நிப்பிள் இழுபடும். வால்வ் கவரிலிருந்து கேனுக்குப் போகும் குழாய் கேனை நோக்கிச் சரிந்தே இறங்க வேண்டும். நடுவில் தொங்கும் பள்ளத்தில் தண்ணீரும் ஆயிலும் சேர்ந்து வெள்ளைக் குழம்பாகும். உறைபனிக் குளிரில் அது கட்டியாகி வழியையே அடைக்கும். 90 டிகிரி திருப்பத்துக்கு ஹோஸை மடக்காதீர்கள். வார்த்த முழங்கை வாங்குங்கள், இல்லையென்றால் உள்ளே சுருள்கம்பி போடுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து குறைந்தது 10 செ.மீ. தள்ளி ஓட்டுங்கள், முடியாத இடத்தில் கண்ணாடி இழை உறை. முனையை ஹாக்ஸா போட்டு அறுத்தால் ரப்பர் துகள் இன்ஜினுக்குள் போகும். கூரிய பிளேடில் நேராக வெட்டுங்கள்.

கிளாம்பை நிப்பிளின் புடைப்புக்குப் பின்னால் போட வேண்டும், புடைப்பின் மேலல்ல. துளை போட்ட திருகுக் கிளாம்ப் மெத்தென்ற ரப்பரைக் கடித்துத் துருவிவிடும். ஓரம் சுருட்டியதோ ஸ்பிரிங் வகையோ நல்லது. ரப்பர் நாளடைவில் அமுங்கும்போது ஸ்பிரிங் கிளாம்ப் தானே பின்தொடர்ந்து இறுகும். டர்போ வண்டியில் கேனுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே ஒருவழி வால்வு கட்டாயம். இல்லையென்றால் பூஸ்ட் திரும்பி வந்து ஹோஸைக் கழற்றி எறியும். மேனிஃபோல்ட் பக்கம் சிறு கசிவு இருந்தாலே அளவிடப்படாத காற்று உள்ளே போய் பி0171 என்ற பிழைக்குறி (காற்றுக்கு எரிபொருள் போதவில்லை என்று பொருள்) வரும், ஐடில் தடுமாறும். சென்சாரை மாற்றுவதற்கு முன் இந்த ஹோஸைப் பாருங்கள்.

வாங்கிய ஹோஸ் மேல் சந்தேகமா? 5 செ.மீ. துண்டு வெட்டி, நீளத்தையும் சுவர்த் தடிமனையும் அளந்து, பத்துப் பங்கு பழைய இன்ஜின் ஆயிலில் ஒரு பங்கு பெட்ரோல் கலந்து மூடியுள்ள உலோக டப்பாவில் மூன்று நாள் ஊறப்போடுங்கள். நெருப்புப் பக்கம் வேண்டாம். எடுத்துத் துடைத்து மறுபடி அளந்து பாருங்கள். நல்ல நைட்ரைலில் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. ஈபிடிஎம் கையில் பிடித்தவுடனே கொழகொழப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். மாட்டிய பிறகு இன்ஜின் சூடானதும் ஐடிலில் ஓடவிட்டு ஒவ்வொரு வளைவையும் டார்ச் அடித்துப் பாருங்கள். உருண்டையாக இருந்த இடம் முட்டை வடிவமாகத் தெரிந்தால் அந்த ஹோஸை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.