மாசம் 6,000 தண்டம் கட்டுன பொறகு வந்து சேந்த வாட்ஸ்அப் பிசினஸ் – ஒரு ஜமக்காளக் கடைக்காரனோட ரிவ்யூ

பவானியில அப்பா காலத்துல இருந்து ஜமக்காளக் கடைங்க எங்களுது. இது வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் பத்துன ரிவ்யூ, கூடவே கூகுள் மேப்புல கடையப் போடறதப் பத்தியும் கொஞ்சம். ரெண்டுக்கும் காசு கிடையாது. ரெண்டு வருசமா ஓட்டிப் பாத்துட்டுத்தான் எழுதறேன்.

மொதல்ல நான் பண்ணுன கூத்தச் சொல்லிப்போடறனுங்க. ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஆபீஸ், பேரு வேண்டாம், மாசம் 6,000ன்னு மூணு மாசத்துக்கு மொத்தமா வாங்கிட்டாங்க. தெனமும் ஒரு போஸ்டர் போடுவாங்க, "இனிய திங்கள்"னு ஒரு ரோஜாப்பூ, அதுக்கு அடியில நம்ம கடை பேரு, காதலர் தினத்துக்குக்கூட வாழ்த்து, ஜமக்காளத்துக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம். இன்ஸ்டா விளம்பரத்துக்கு 3,000 தனி, அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஊரு ஏரியா எதுவும் செட் பண்ணாம இந்தியா பூராவும் உட்டுட்டாங்க. லைக்கு ஆயிரத்தத் தாண்டுச்சு, சரக்கு ஒண்ணு நகரல. கேட்டா "ரீச் சூப்பரா இருக்கு சார்"ங்கறாங்க. ரீச்சக் கொண்டுபோயி நூல்காரருக்கு பாக்கி கட்டறதா?

அப்பத்தான் வீட்டுக்காரி தம்பி ஒறம்பரைக்கு வந்தவன், "மாமா, கடை லேண்ட்லைன் நம்பரையே வாட்ஸ்அப் பிசினஸ்ல போடலாம்"னான். நான் நம்பவே இல்லைங்க. ஆனா நெசம். எஸ்எம்எஸ்ஸுக்குப் பதிலா கால் பண்ணுன்னு கேட்டா அந்த போனுக்கே கூப்பிட்டு ஓடிபி படிக்குது. எங்கூரு எஸ்டிடி கோடு 04256ல மொத சைபர எடுத்துட்டுப் போடோணும், அவ்வளவுதான். முப்பது வருசமா பில்லுலயும் பையிலயும் அச்சடிச்ச நம்பருங்க அது, திருப்பூர்ல இருந்து ஒரு அம்மா அவங்க கல்யாணத்துக்கு வாங்குன பைய போட்டோ எடுத்து "இந்தக் கடை தானுங்களா"ன்னு அந்த நம்பருக்கே அனுப்பிச்சாங்க, பொண்ணு கல்யாணத்துக்கு பந்தி ஜமக்காளம் வேணும்னு. இந்த ஒரு விசயத்துக்கே அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுத்துட்டனுங்க.

கேட்லாக்னு ஒண்ணு இருக்குது, சரக்கப் படத்தோட வெலையோட அடுக்கி வெக்கறது, 500 அயிட்டம் வரைக்கும் போடலாம், நம்முகிட்ட இருக்கறது நாப்பது. படம் எடுக்கறதுலதான் சூட்சுமம். டியூப்லைட்டுல எடுத்தா செவப்பு ஆரஞ்சாத் தெரியும், பார்சல் போன பொறகு கலர் வேறன்னு வம்பு வரும். வெடியால வாசல்ல விரிச்சு எடுக்கறேன், அளவு தெரியறதுக்கு பாப்பாவ ஓரத்துல உக்கார வெச்சு. வெலையோட "பார்சல் செலவு தனி"ன்னு கண்டிப்பாப் போட்டுருங்க, ஜமக்காளம் கனமான சாமானம், கூரியர்காரன் கிலோவுக்குத்தான் கேப்பான், மொதல்ல அத எழுதாம நாலஞ்சு பேருகிட்ட நெம்ப சண்டையாப் போச்சு.

எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விதான், இது கைத்தறியா மெசினான்னு. 2005-06ல புவிசார் குறியீடு வாங்குன சரக்குதான், ஆனா பவர்லூம்ல ஓட்டுனதையும் பவானி ஜமக்காளம்னு சொல்லி வித்துட்டுத்தான இருக்கறாங்க. அதனால குழித்தறியில உக்காந்து நெய்யறத முப்பது செகண்டு வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டேன். தறிக்கார அண்ணன் "என்ற மூஞ்சியப் பாத்தா வாங்க வர்றவனும் ஓடீருவான் தம்பி"ன்னாரு, நான் காலையும் கையையும் மட்டுந்தான் எடுத்தேன். அன்னைக்கு வந்த விசாரிப்பு அந்த மூணு மாச ரோசாப்பூ போஸ்டருக்கு வரலீங்க.

இனி கொற. ஒரே மெசேஜ எல்லாருக்கும் ஒட்டுக்கா அனுப்பற பிராட்காஸ்ட் லிஸ்ட்டுல 256 பேருதான் சேத்த முடியும், அதுவும் நம்ம நம்பர அவங்க போன்ல சேவ் பண்ணியிருந்தாத்தான் மெசேஜே போகும். இது தெரியாம ஆறு மாசம் சொவத்துகிட்ட பேசிட்டு இருந்திருக்கறேன். இப்ப பில்லு போடறப்பவே "நம்பர சேவ் பண்ணிக்கங்க, புதுக் கலர் வந்தா அனுப்பறேன்"னு கேட்டு, அவங்க பண்றதப் பாத்துட்டுத்தான் மீதிச் சில்லறையே குடுக்கறது. மாசம் ரெண்டு மெசேஜ், அதுக்கு மேல அனுப்புனா பிளாக் பண்ணிப்போடுவாங்க, நானே எத்தன பேர பிளாக் பண்ணிருக்கறேன். புதுசா வர்றவங்களுக்குத் தானா வணக்கம் சொல்ற மெசேஜ் நல்லாருக்குது, பேச்சு இல்லாம 14 நாளு ஆனவங்க திரும்ப வந்தாலும் போகும், ஆனா அதோட நின்னுட்டு நாம பதில் போடலீன்னா ஒரு மணி நேரத்துல அடுத்த கடைக்குப் போயிருவாங்க. கூலி இல்லாத சோலின்னு நெனைக்காதீங்க, தெனம் ஒரு மணி நேரம் முழுங்கும்.

கூகுள் மேப் கதை தனி. முன்ன கூகுள் மை பிசினஸ்னு இருந்துச்சு, 2021ல பிசினஸ் புரொஃபைல்னு பேர மாத்திட்டாங்க. அந்த ஆபீஸ்காரங்க கடை பேரோட "பெஸ்ட் ஹோல்சேல் ரீடெயில்"னு எல்லாத்தையும் சேத்தி ஒரு மொழத்துக்கு எழுதி வெச்சிருந்தாங்க, போர்டுல இருக்கற பேரத்தான் போடோணும்ங்கறது விதி, நல்லவேளை பாத்து மாத்திட்டேன். ஆடி அமாவாசைக்கு கூடுதுறைக்குத் தர்ப்பணம் குடுக்க வெளியூர்ல இருந்து வர்றவங்க மேப்பப் பாத்துட்டே கடைக்கு நடந்து வர்றாங்க, அன்னைக்கு கடை தொறந்திருக்கும்னு நேரத்த முன்னாடியே போட்டு வெக்கோணும், அது முக்கியம்.

இன்னொண்ணு, நம்பர் வெளிய போனா திருட்டுப் பசங்களும் வருவாங்க. மிலிட்டரில இருக்கறேன், இருபது ஜமக்காளம் வேணும், க்யூஆர் அனுப்பறேன் ஸ்கேன் பண்ணுங்க பணம் வந்துரும்பான். காசு வாங்கறதுக்கு நாம ஸ்கேனும் பண்ண வேண்டியதில்ல, பின் நம்பரும் போட வேண்டியதில்ல. அப்பா கல்லாவுல இருந்தப்ப ஒருத்தன் கூப்பிட்டான், அவரு "கடைக்கு வாங்க தம்பி, காப்பித்தண்ணி குடிச்சுட்டு எடுத்துட்டுப் போலாம்"னுட்டாரு, லைன் கட்டாயிருச்சு.

லேண்ட்லைன்ல போடறவங்க ஓடிபி கால் வர்றப்ப பேனாவக் கையில வெச்சுக்கங்க. நான் ரெண்டு தடவ கோட்ட விட்டேன், மூணாவது தடவ ஜமக்காளத்து மேலயே சாக்பீஸ்ல எழுதிப்போட்டேன்.