3000 வாட்ஸ் ஸ்டிக்கரை நம்பி ஏமாந்த கதை: லொறிக்கு இன்வேட்டர் வாங்குபவர்கள் கவனம்

கொழும்பில் வாகனச் சாமான் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைப் பக்கம் லொறிக்கு இன்வேட்டர் (பற்றரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) வாங்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள். பெட்டிக்கு 18,500 ரூபாய், பூட்டுக்கூலி 2,500. அதன் பிறகு இரண்டு பற்றரி புதிதாகப் போட 1,18,000. ஒரு லோட் மரக்கறியின் கூலியும் போனது. பணத்தைவிட எனக்குப் பயமாக இருப்பது வேறு ஒன்று, அதைக் கீழே சொல்கிறேன்.

நான் கொழும்பு - யாழ்ப்பாணம் ஓடுகிறவன். சொந்த லொறி, லீசிங் இன்னும் கட்டி முடியவில்லை. போகும்போது புறக்கோட்டையிலிருந்து பலசரக்கு, திரும்பும்போது சின்ன வெங்காயம், வாழைக்குலை, மரக்கறி. மாதத்தில் பாதி இரவுகள் கெபினுக்குள்தான் நித்திரை. போன வருடம் எனக்குச் சீனி வருத்தம் என்று டொக்டர் சொன்னதும், "கடைச் சோறு இனி வேண்டாம், ஒரு சின்ன ரைஸ் குக்கரைக் கொண்டுபோய்ச் சிவப்பரிசி போட்டுக்கொள்ளுங்கள்" என்று மனைவி சொன்னாள். 500 வாட்ஸ் குக்கர் ஒன்றும், இரவுக்கு 50 வாட்ஸ் மேசைக் காற்றாடி ஒன்றும். என் தேவை அவ்வளவுதான்.

கடையில் நான் முதலில் சொன்ன வசனமே "லொறி 24 வோல்ட்" என்பதுதான். குக்கரின் வாட்ஸையும் சொன்னேன். முதலாளி உள்ளே போய் ஒரு வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்தார். அட்டையில் எந்த அச்சும் இல்லை. உள்ளேயிருந்த சாமானில் பெரிய பளபளப்பான ஸ்டிக்கர்: 24 வோல்ட், 3000 வாட்ஸ். "அண்ணன், உங்கட குக்கர் என்ன, வீட்டு கிரைண்டரே இதில ஓடும்" என்றார். பெட்டியைக் கையில் தூக்கியபோது பாரமே இல்லை. அப்போதே எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது. இப்போது வருவதெல்லாம் பாரமில்லாமல்தான் வரும் என்று அவர் சொன்னதை நம்பிவிட்டேன். கடையின் ஆளே வந்து பூட்டித் தருவார் என்றார். ஆறு மாத வொரன்டி வாய்ச்சொல்லில் தந்தார். பில்லில் எழுதியது "இன்வேட்டர் 1" மட்டும். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

கடை அனுப்பிய பாஸ் (மெக்கானிக்) வந்து அரை மணித்தியாலத்தில் பூட்டிவிட்டுப் போனார். போனும் சார்ஜ் ஆனது, காற்றாடியும் ஓடியது, ஆனால் ஒரு இரைச்சலோடு. மோட்டர் தொட்டால் சுட்டது. அடுத்த இரவு குக்கரைப் போட்டேன். கீச்சென்று சத்தம் வந்து பெட்டி நின்றுவிட்டது. கடைக்குப் போன் எடுத்தேன். காற்றாடியை நிறுத்திவிட்டுப் போடச் சொன்னார்கள். போட்டேன், நின்றது. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிவிட்டுப் போடச் சொன்னார்கள். அப்போதும் நின்றது. மூன்றாவது தடவை, என் குக்கர்தான் பிழை என்றார்கள். அதே குக்கரை வீட்டில் போட்டேன், இருபத்தைந்து நிமிடத்தில் சோறு வெந்தது. ஓட்டத்துக்கு மேல் ஓட்டம் இருந்ததால் கடைக்கு நேரில் போக முடியவில்லை. சரி, காற்றாடியாவது ஓடுகிறதே என்று மூன்று கிழமை அப்படியே ஓடினேன்.

அப்புறம் ஒருநாள் யாழ்ப்பாணத்தில் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றியது. அன்று பின்னேரம் மரக்கறி ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டு, இரவு ஒன்பதரை மட்டில் வவுனியாவில் நிறுத்தி இரண்டு மணித்தியாலம் படுத்தேன். பதினொன்றரைக்கு எழும்பிச் சாவியைத் திருப்பினால் டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். விடியும்வரை வெங்காய மூட்டைகளுக்குக் காவல் இருந்தேன். ஐந்தரைக்குப் பேலியகொடை மெனிங் சந்தையில் நிற்க வேண்டிய லொறி பின்னேரம் நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தது. மரக்கறிக்காரர் என்னோடு சண்டை பிடிக்கவில்லை, ஆனால் கூலியும் தரவில்லை. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

வவுனியாவில் காலை ஏழு மணிக்கு வந்த பற்றரிக்கார அண்ணைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அவர் பற்றரிப் பெட்டியைத் திறந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "தம்பி, உன்ர லொறி 24. இந்தப் பெட்டியை ஒரு பற்றரியில மட்டும் குடுத்திருக்கு. ஆர் உனக்கு இதைப் பூட்டினது?" என்று கேட்டார். பிறகு ஸ்டிக்கரின் மூலையை நகத்தால் கிளப்பினார். அடியில் தகரத்தில் அச்சடித்திருந்தது: 12 வோல்ட், 300 வாட்ஸ்.

வாட்ஸில் ஒரு பூச்சியம் கூட்டியிருக்கிறார்கள், வோல்ட்டிலும் பொய். பெட்டி 12 வோல்ட் என்று பாஸுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் 24 வோல்ட்டில் கொடுக்காமல் ஒரு பற்றரியில் மட்டும் கொடுத்தார். ஸ்டிக்கரை நம்பி இரண்டிலும் கொடுத்திருந்தால் பெட்டி அந்த இடத்திலேயே எரிந்திருக்கும், வேலையும் அன்றே வெளியே வந்திருக்கும். தெரிந்தே செய்தது இது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஒரு பற்றரியில் மட்டும் எடுத்தால் என்ன என்று கேட்கிற தம்பிமார் இருக்கிறார்கள், நானும் அன்றுவரை அப்படித்தான் நினைத்தேன். பெரிய லொறிகளில் 12 வோல்ட் பற்றரி இரண்டைத் தொடராக இணைத்து 24 ஆக்குகிறார்கள். ஒல்டனேட்டர் இரண்டையும் சேர்த்துத்தான் சார்ஜ் பண்ணும், எது குறைந்தது எது நிறைந்தது என்று அதற்குத் தெரியாது. ஒரு நுகத்தில் பூட்டும் இரண்டு மாட்டில் ஒன்றை மட்டும் இரவெல்லாம் செக்கில் ஓட்டிவிட்டு, காலையில் இரண்டுக்கும் ஒரே அளவு தீனி வைப்பது போல. உழைத்த மாடு நாளுக்கு நாள் மெலியும். சும்மா நின்றதற்குத் திணித்துத் திணித்து வயிறு வீங்கும். என் காற்றாடி எட்டு மணித்தியாலம் ஓடினால் பெட்டிக்குள் வீணாவதையும் சேர்த்து ஒரு பற்றரியிலிருந்து கிட்டத்தட்ட 38 அம்பியர்-மணித்தியாலம் போகும், ஒவ்வொரு இரவும். அந்தப் பற்றரி செத்துவிட்டது. மற்றதில் தண்ணீர் கொதித்து வற்றித் தட்டுகள் வெளியே தெரிந்தன. ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதும் பழையதும் சேர்ந்து அதே கதை திரும்ப வரும் என்பதால் இரண்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. 24 வோல்ட் லொறியில் 12 வோல்ட் சாமான் ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்றால் 24 இலிருந்து 12 ஆக்கும் கொன்வேட்டர் தனியாக விற்கிறது, அதைப் போடுங்கள். ஒற்றைப் பற்றரியில் கை வைக்க யாரையும் விடாதீர்கள்.

இனி, பயமாக இருக்கிறது என்று சொன்ன விஷயம். கடைக்காரன் தந்த வயர் பற்றரியிலிருந்து கெபினுக்குள் வரும் வழியில், கெபினை முன்னால் கவிழ்க்கும் மூட்டுப் பக்கம் நசிந்து, மேல் பிளாஸ்டிக் கிழிந்து கம்பி வெளியே தெரிந்தது. சேசிஸில் (லொறியின் இரும்புச் சட்டத்தில்) படுவதற்கு ஒரு விரலளவு தூரம்தான் இருந்தது. அண்ணை அதைப் பிளேட்டால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. பற்றரிப் பக்கத்தில் பியூஸ் கிடையாது. அது சேசிஸில் பட்டிருந்தால் பற்றரியில் இருக்கும் அத்தனை கரண்டும் அந்த வயரில் ஓடும், தடுக்க எதுவும் இல்லை, வயர் சிவந்து எரியும். சீட்டுக்குப் பின்னால், பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி, மூன்று கிழமை நான் படுத்துக் கிடந்தேன். சில நாள் என் மகனும் கூட வந்தான். பெட்டிக்குள் பியூஸ் இருக்கிறதுதானே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது பெட்டியைத்தான் காப்பாற்றும். வயரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் பற்றரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இன்னொரு பியூஸ் வேண்டும்.

பெட்டியின் பொய்யைக் கடையிலேயே பிடித்திருக்கலாம். அதற்குப் படிப்பு வேண்டாம், பெருக்கல் போதும். இன்வேட்டரின் பின்பக்கத்தில் பியூஸ் வெளியே தெரிந்தால் அதில் எழுதியிருக்கும் அம்பியரை வோல்ட்டால் பெருக்குங்கள். என்னுடையதில் 40 அம்பியர் பியூஸ் ஒன்றுதான். 12 ஆல் பெருக்கினால் 480. ஸ்டிக்கர் சொன்ன 24 ஆல் பெருக்கினாலும் 960ஐத் தாண்டாது. அதில் 3000 எங்கிருந்து வரும்? உண்மையான 3000 வாட்ஸ் என்றால் 24 வோல்ட்டில் 125 அம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கு ஸ்டார்ட்டருக்குப் போகிற மாதிரித் தடித்த வயர் வேண்டும். பென்சில் அளவு வயரோடு அதை யார் தந்தாலும் பொய் சொல்கிறார் என்று அர்த்தம். சில பெட்டிகளில் பெரிய எழுத்தில் போடுவது ஒரு நொடிக்குத் தாங்கும் அளவை. தொடர்ந்து எவ்வளவு தரும் என்று கேளுங்கள், அந்த எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் எழும்பி வந்துவிடுங்கள்.

சிகரெட் லைட்டரில் குத்தும் சின்ன இன்வேட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த ஓட்டையின் பியூஸ் வழக்கமாக 10, 15 அம்பியர்தான். போன், லப்டொப், காற்றாடிக்குப் போதும். குக்கரை அதில் போட நினைக்காதீர்கள்.

காற்றாடி இரைந்ததற்கும் காரணம் இருந்தது. மலிவுப் பெட்டிகள் வீட்டுக் கரண்ட் போல வளைந்து ஏறி இறங்கும் அலையைத் தருவதில்லை, படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டித் தருகின்றன. சுவிச்சை அமத்துகிற சாதாரண குக்கருக்கு அது பரவாயில்லை, சூடுதானே வேண்டும். மோட்டர் உள்ள சாமான் அதில் சூடாகும், இரையும். வீட்டுக் கரண்ட் போன்ற அலையைத் தருவது 'பியூர் சைன் வேவ்' பெட்டி, அப்படிக் கேட்டு வாங்குங்கள், விலை கூடத்தான். சின்னப் பிரிட்ஜ் வைக்கிறவர்கள் இன்னும் கவனம், கொம்பிரஷர் கிளம்பும் கணத்தில் எழுதியிருக்கும் வாட்ஸைப் போலப் பல மடங்கு இழுக்கும்.

நான் இப்போது போட்டிருப்பது வேறு கடையில் வாங்கிய 24 வோல்ட், தொடர்ந்து 1000 வாட்ஸ் தரும் பெட்டி. அந்தக் கடையும் பஞ்சிகாவத்தையில்தான், அங்கே இருக்கிற எல்லோரையும் நான் குறை சொல்லவில்லை. குக்கரில் தண்ணீர் ஊற்றிக் கையோடு கொண்டுபோனேன். கடைப் பற்றரிகளில் கொடுத்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டுக் காட்டினார்கள். முழு 1000 வாட்ஸுக்கும், பெட்டிக்குள் வீணாவதையும் சேர்த்து, 48 அம்பியர் மட்டில் வரும் என்று கணக்குப் பார்த்து, 16 சதுர எம்எம் சுத்தச் செம்பு வயர், பற்றரிப் பக்கத்தில் 60 அம்பியர் பியூஸ், கெபின் கவிழும் இடத்தில் வயருக்குக் கொஞ்சம் தளர்வு, தகரத்தைக் கடக்கும் ஓட்டைக்கு ரப்பர் வளையம். பெட்டியைச் சுற்றிக் காற்று வர இடம் விட்டிருக்கிறேன், மேலே போர்வை போடுவதில்லை. குக்கரை எஞ்சின் ஓடும்போதுதான் போடுகிறேன். லைட்டர் ஓட்டையில் சின்ன வோல்ட் மீற்றர் ஒன்று குத்தியிருக்கிறேன், 24.4 காட்டினால் காற்றாடியை நிறுத்திவிடுவேன், பற்றரியில் பாதிதான் மீதி என்று அர்த்தம். இன்வேட்டர் தானாகக் கத்தும்வரை பார்த்திருக்கக் கூடாது. அது 21 வோல்ட் மட்டில்தான் கத்தும், அதற்குள் ஸ்டார்ட் பண்ணும் பலம் போயிருக்கும்.

பழைய கடைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஸ்டிக்கரை நானே ஒட்டியிருப்பேன் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். வொரன்டி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். பூட்டிய பாஸ் இப்போது அங்கே வேலை செய்யவில்லையாம். நான் குரல் உயர்த்தவில்லை, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். பெட்டி, உரித்த ஸ்டிக்கர், வயர்த் துண்டு, பில் எல்லாம் ஒரு பையில் பத்திரமாக இருக்கின்றன. அவர்களுடைய இலக்கம் 1977. வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இதே மாதிரி அச்சில்லாத வெள்ளை அட்டையில் 3000 வாட்ஸ் பெட்டி வாங்கியவர்கள் இருந்தால் இன்றே லொறியை நிறுத்தி, எத்தனை பற்றரியில் கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். ஸ்டிக்கரை உரிப்பதற்கு முன்பும் பின்பும் படம் எடுத்து வையுங்கள், நான் எடுக்கவில்லை.