பழைய வீட்டுத் தூணைப் பட்டறைக்கு அனுப்பாதீர்கள்

காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்கள் தாத்தா கட்டிய, நடுவில் முற்றம் வைத்த தொட்டிக்கட்டு வீட்டைப் புதுப்பிக்கப் போய் 4,80,000 ரூபாயும் இரண்டு தேக்குத் தூண்களும் போய்விட்டன. பழைய வீடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுதும் படியுங்கள்.

1992இல் அப்பா உள்சுவர் எல்லாவற்றுக்கும் சிமெண்ட் பூசி, தரைக்கு டைல்ஸ் போட்டிருந்தார். அதை எடுத்துவிட்டு வீட்டைப் பழையபடி ஆக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. போன பங்குனியில் நாங்களே ஒரு சுவரைத் தட்டிப் பார்த்தோம். ஒரு இடத்தில் மட்டும் சத்தம் வேறாகக் கேட்டது. உளியால் கொத்தினால், செங்கல் வைத்து அடைத்த ஒரு விளக்கு மாடம். உள்ளே விரலை விட்டதும் எண்ணெய்ப் புகை கரி ஒட்டிக்கொண்டு வந்தது. அம்மா அதைத் துடைக்கவே விடவில்லை. டைல்ஸுக்குக் கீழே ரெட் ஆக்சைடு தரை, அங்கங்கே விரிசல் இருந்தாலும் பளபளப்பு போகாமல் இருந்தது.

அப்போதுதான் உறவுக்காரர் ஒருவர் மூலம் அந்த மேஸ்திரி வந்தார். போனில் படம் படமாகக் காட்டினார். "செட்டிநாட்டு வேலையெல்லாம் பண்ணியிருக்கேன்க்கா, சுண்ணாம்புப் பூச்சே போட்டுடலாம்" என்றார். அவர் வேலை செய்த ஒரு வீட்டையாவது நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. மொத்தம் 7,20,000 ரூபாய் என்று பேசி, ஒரு வெள்ளைத் தாளில்கூட எழுதி வாங்காமல் முன்பணம் கொடுத்தேன்.

சுண்ணாம்புப் பூச்சு அவசர வேலை இல்லை. சுட்ட சுண்ணாம்பை நீற்றிப் பல நாள் ஊற வைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்த்துக் குழைப்பார்கள். பூசிய பிறகும் மெதுவாகத்தான் இறுகும். எங்கள் வீட்டில் மூன்றே நாளில் நான்கு சுவரும் முடிந்தன. மறுநாளே கல் மாதிரி இருந்தது. சாவியால் கீறினால் மேலே வெள்ளை, உள்ளே சாம்பல் நிறம். சிமெண்டைப் பூசி, அதன் மேல் பட்டி பார்த்திருக்கிறார்.

மண் சுவருக்குச் சிமெண்ட் ஆகாது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியே போய்விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். ஐப்பசி மழைக்கு இடுப்பு உயரம் வரை சுவரில் உப்புப் பூத்து, தட்டினால் பொக்கென்று சத்தம் வருகிறது. அப்பா செய்த அதே தவறுக்கு நான் திரும்பவும் காசு கொடுத்திருக்கிறேன்.

சுவர்கூடப் பரவாயில்லை, மறுபடி கொத்திப் பூசிக்கொள்ளலாம். தூண் விஷயம்தான் ஆறவே மாட்டேன் என்கிறது. "நாலு தூண்ல ரெண்டுக்கு அடியில கரையான் அரிச்சிருக்குக்கா, பட்டறையில ஒட்டுப் போட்டுப் பாலிஷ் பண்ணிக் கொண்டாறேன்" என்று சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்துக் கழற்றிப் போனார். இருபது நாள் கழித்து மினுமினுவென்று இரண்டு தூண் வந்தது. அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து தடவிப் பார்த்தார். தாத்தா காலத்தில் கன்றுக்குட்டி கட்டிக் கட்டி, முற்றத்து ஓரத் தூணில் முழங்கால் உயரத்தில் கயிறு அறுத்த பள்ளம் ஒன்று இருக்கும், ஒரு விரல் பதியும் அளவுக்கு. அதைக் காணவில்லை.

"இழைச்சதுல போயிருக்கும்மா" என்றார் மேஸ்திரி.

"தூணு பருமன் அப்படியே இருக்குது, பள்ளம் மட்டும் எப்படிப்பா போகும்?" என்று அம்மா கேட்டார். அவரிடம் பதில் இல்லை. ஊர் ஆசாரி உளியால் லேசாகச் சீவிப் பார்த்துவிட்டு, மலைவேம்புக்குச் சாயம் ஏற்றியிருக்கிறது என்றார். அன்றைக்கு மாலையிலிருந்து மேஸ்திரி போனை எடுப்பதில்லை.

பழைய தேக்குக்கு இன்றைக்கு நல்ல விலை. காரைக்குடியில் பழைய தூண், கதவு, நிலை விற்கவே கடைகள் வரிசையாக இருக்கின்றன. அதனால் மர வேலை எதுவானாலும் உங்கள் வாசலிலேயே நடக்கட்டும். கழற்றும் முன் ஒவ்வொரு தூணையும் நிலையையும் அளவோடு, தழும்போடு படம் எடுத்து வையுங்கள். எங்களிடம் பழைய கல்யாணப் படம் ஒன்றில் அந்தத் தூண் விழுந்திருந்ததால்தான் புகாரில் காட்ட ஏதோ ஒன்று கிடைத்தது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. 2 வருடத்துக்குள் போட வேண்டும். முன்பணம் பாதி ஜிபேயில் போனதால் அதற்குச் சாட்சி இருக்கிறது, கையில் கொடுத்த பாதிக்கு இல்லை.

ஆறரை அடி உயரம், நான்கு பக்கமும் பட்டை எடுத்த தேக்குத் தூண், முழங்கால் உயரத்தில் கயிறு அறுத்த பள்ளம். எந்தக் கடையிலாவது கண்ணில் பட்டால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். விலை கொடுத்தே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்.